பெட்ரோல் பங்க்கில் வைத்து மலிவாக மரம் அறுக்கும் மிஷின் விற்கிறார்கள், வாங்காதீர்கள்

நீலகிரியில் மர வேலை பார்க்கிற எல்லோருக்காகவும், சொந்தத் தோட்டத்துக்கு ஒரு மிஷின் வாங்கிப் போடலாம் என்று நினைக்கிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். கோத்தகிரி பக்கம் 19 வருடமாக மரம் அறுத்து, விறகு பிளந்து கொடுக்கிற வேலை செய்கிறேன். போன ஆடி மாதம் கையில் பிடித்து மரம் அறுக்கிற செயின் சா மிஷின் ஒன்றைப் போலி என்று தெரியாமல் வாங்கி ஏமாந்தேன். போனது 14,500 ரூபாய். அதோடு முடிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். என் இடது முன்கையில் 14 தையல் போட்டிருக்கிறது.

பல வருடம் என் கையோடு இருந்த மிஷின் ஆனி மாதக் கடைசியில் பிஸ்டன் சிக்கி நின்றுவிட்டது. குன்னூரில் எனக்கு வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிட்டு, செட்டையே மாற்ற வேண்டும், சாமான் வரப் பத்து நாளாகும் என்றார். ஆடியில் பத்து நாள் மிஷின் இல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று மலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, இங்கே கற்பூர மரம் (யூகலிப்டஸைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம்) சாயும், சீகை மரம் (வாட்டில்) வேரோடு புரளும். கூரை மேல் விழுந்துவிட்டது, தேயிலை மேல் விழுந்துவிட்டது, பாதையை அடைத்துக்கொண்டு கிடக்கிறது என்று விடியும் முன்பே போன் வரும். மிஷினோடு போனால் எனக்கு ஒரு நாளைக்கு 1,800 ரூபாய். கோடாலி மட்டும் என்றால் அதில் பாதிகூடத் தேறாது.

அந்த அவசரத்தில்தான் மேட்டுப்பாளையம் இறங்கினேன், புது மிஷின் விலை விசாரிக்கலாம் என்று. விசாரித்துவிட்டு, கட்டுப்படியாகாது என்று திரும்பும் வழியில் ஒரு பங்க்கில் வண்டிக்குப் பெட்ரோல் போட நின்றேன். பக்கத்தில் ஒரு வெள்ளை வேன். இரண்டு பையன்கள், இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. ஒருவன் என்னிடம் வந்தான்.

"அண்ணா, மர வேலைங்களா? ஜெர்கின்ல மரத்தூள் ஒட்டியிருக்குதுங்க."

அந்த ஒரு பேச்சிலேயே நான் பாதி விழுந்துவிட்டேன். வேன் கதவைத் திறந்து காட்டினான். பெயர் போன ஜெர்மன் கம்பெனியின் பெட்டி. நிறம், எழுத்து, ஸ்டிக்கர் எல்லாம் அப்படியே. "கோயமுத்தூர் எக்ஸிபிஷன்ல டெமோவுக்கு வச்ச பீஸுங்க. ரெண்டுதான் மிச்சம். திருப்பி அனுப்பினா லாரி வாடகை எங்க தலையிலதானுங்க விழும். கடையில 38,000 சொல்லுவாங்க. நீங்க 18 குடுங்க, போதும்." பேசிப் பேசி 14,500-க்கு வந்தான். 9,500 ரொக்கமாகக் கொடுத்தேன், 5,000 ஜிபேயில் போட்டேன். பில் கேட்டதற்கு, மெயிலில் வந்துவிடும் அண்ணா என்றான். என் மெயில் முகவரியை அவன் கேட்கவே இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

இதில் எனக்கு என் மேலேயே கோபம். எங்கள் மலையில் பட்டா நிலத்து மரமாக இருந்தாலும் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. 1955-ஆம் வருடத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும். யார் கூப்பிட்டாலும் அனுமதிக் காகிதத்தைக் கண்ணால் பார்க்காமல் நான் மிஷினைக் கீழே இறக்க மாட்டேன். பழகிய முதலாளியாக இருந்தாலும் கேட்பேன். அப்படிப்பட்டவன், சொந்தக் காசு கொடுத்து வாங்கும் பொருளுக்கு ஒரு துண்டுச் சீட்டு வாங்காமல் வந்தேன்.

சோதித்துப் பார்க்காமல் வாங்கவில்லை. இரண்டே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. ஓரமாகக் கிடந்த தென்னந்துண்டை அவனே காட்டினான், அறுத்தேன், வெண்ணெய் மாதிரி போனது. முன்கைப்பிடிக்கு மேலே, செயினை நிறுத்துவதற்காக இருக்கிற பிரேக் கார்டைத் (தடுப்பை) தள்ளிப் பார்த்தேன். 'டக்' என்று விழுந்தது. அப்போது எஞ்சின் ஓடவில்லை. ஓடுகிறதா என்று பார்த்தவன் நிற்கிறதா என்று பார்க்காமல் விட்டேன்.

முதல் வாரத்திலேயே சரியில்லை. நல்ல செயினை ஒரு டேங்க் பெட்ரோலுக்கு ஒரு தடவை அரம் போட்டால் போதும். இதற்கு அரை டேங்க் ஓடுவதற்குள் பல் மழுங்கியது. அரம் வைத்தால் மெழுகில் இழுக்கிற மாதிரி போனது, இரும்பு அவ்வளவு இளக்கம். நல்ல மிஷின் அறுத்தால் சீவல் சீவலாக விழும். இது மாவு மாதிரி தூள் தள்ளியது. மூன்றாம் நாள் பார், அதாவது செயின் சுற்றி ஓடுகிற நீள இரும்புத் தட்டு, ஓரம் நீலம் பாய்ந்து, புகை வந்தது. செயினுக்கு ஆயில் போகிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. வெளுத்த அடிக்கட்டை ஒன்றுக்கு நேராக பார் முனையைத் தொடாமல் பிடித்துக்கொண்டு ரேஸ் கொடுத்தால், கட்டை மேல் ஒரு எண்ணெய்க் கோடு விழ வேண்டும். எனக்கு ஒரு சொட்டுகூட விழவில்லை. அந்தப் பையனுக்குப் போன் போட்டேன். "புது மிஷின்ல அப்படித்தானுங்க இருக்கும், ஓட ஓட சரியாயிடும்" என்றான். அடுத்த நாள் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப். இன்று வரை ஸ்விட்ச் ஆஃப்தான்.

அப்போதே அதை மூலையில் போட்டிருக்க வேண்டும். ஆனால் வேலை வரிசையில் நின்றது. ஆயிலைப் பிரஷ்ஷால் தடவித் தடவி ஓட்டினேன்.

இரண்டாம் வாரம், அரவேனு தாண்டி ஒரு தேயிலைத் தோட்டத்து வீட்டுக்குப் பின்னால் கற்பூர மரம் ஒன்று சாய்ந்து கிடந்தது. அடி இரண்டரை அடி குறுக்களவு இருக்கும். காலை ஏழரைக்கு நானும் என் மச்சினனும் போய்விட்டோம். பனி மூட்டம் விலகவில்லை. சரிவில் கிடக்கிற மரம் எப்போது உருளும் என்று சொல்ல முடியாது, அதனால் முட்டுக் கொடுத்து, மேட்டுப் பக்கம் நின்றுதான் அறுக்க வேண்டும். கொம்பு கழிக்கும் வேலையை முதலில் எடுத்தேன். அடியில் இருந்து நுனிப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தேன். இலைக் குவியலுக்குள் ஒடிந்த கொம்பு ஒன்று நீட்டிக்கொண்டு இருந்தது எனக்குத் தெரியவில்லை. பார் முனையின் மேல் பக்கம் அதில் பட்டது.

இந்த வேலையில் இருப்பவர்களுக்கு அதற்கு மேல் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பார் முனையின் மேல் பாதி கட்டியான எதிலாவது பட்டால், மிஷின் கண் இமைக்கும் முன் மேலே எழும்பி நம் முகத்துக்கு வரும். அதற்காகத்தான் முன்னால் அந்த கார்டு. மிஷின் எழும்பும்போது இடது மணிக்கட்டு அதில் இடிக்கும், அல்லது எழும்பும் வேகத்திலேயே அது தானாக விழும். உடனே உள்ளே இருக்கிற இரும்புப் பட்டை, செயினை ஓட்டுகிற டிரம்மை இறுக்கிப் பிடித்து, செயின் அந்த இடத்திலேயே நிற்கும். என் மணிக்கட்டு இடித்தது. கார்டு விழுந்தது. அந்த 'டக்' சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. செயின் நிற்கவில்லை.

முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கை குறுக்கே போனது. ஜெர்கின், உள்ளே ஸ்வெட்டர், அப்புறம் சதை. ஸ்வெட்டர் நூல் செயினில் சுற்றிக்கொண்டதால்தான் மிஷின் அணைந்தது. "மாமா, கையைப் பார்க்காதீங்க, என்னைப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே மச்சினன் துண்டால் இறுக்கிக் கட்டினான். அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் தையல் போட்ட டாக்டரம்மா, நரம்புக்கு ஒரு நூல் இடைவெளியில் தப்பித்திருக்கிறீர்கள் என்றார். எங்கள் வீட்டு அம்மாவிடம் இரண்டு நாள் இந்தப் பேச்சை மறைத்தோம்.

ஐந்து வாரம் வேலைக்குப் போகவில்லை. அந்த மரம் பாதி அறுத்தபடியே கிடந்தது. இதில் ஒரு விஷயம். கற்பூரக் கட்டையைப் பச்சையிலேயே பிளந்துவிட வேண்டும். பச்சையாக இருக்கும்போது ஓரத்தில் இருந்து சீவின மாதிரி கோடாலியை இறக்கினால் பக்கம் பக்கமாகக் கழன்று விழும், நடு வைரத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். காயவிட்டால் அவ்வளவுதான், நார் முறுக்கிக்கொண்டு இரும்பாகிவிடும். கோத்தகிரிப் பக்கம் ஆடியில் மழையைவிடக் காற்றுதான் அதிகம், அந்தக் காற்றே கட்டையை இறுக வைத்துவிடும். சீகையாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை, எப்போது அடித்தாலும் நேராக வாய் பிளக்கும். மச்சினன் தனி ஆளாக ஆப்பு வைத்து, சம்மட்டி அடித்து அந்தத் துண்டுகளைப் பிளந்தான். ஒரு நாளில் முடிய வேண்டியது நான்கு நாள் ஆனது. ஒரு ஆப்பு தலை சிதறியது. மிச்ச அடிமரத்துக்கு வேறு ஆளை மிஷினோடு கூப்பிட்டு, கூலியை என் கையிலிருந்து கொடுத்தேன். அந்த வீட்டுக்காரர் நல்ல மனுஷன், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கை தேறிய பிறகு அந்த மிஷினைக் குன்னூர் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். பக்க மூடியைக் கழற்றியவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "தம்பி, இங்க வந்து பாரு" என்றார். பிரேக் பட்டை தகர டப்பா மூடி மாதிரி இருந்தது. கார்டு விழுந்தால் ஸ்பிரிங் அசைகிறது, பட்டை இறுகவே இல்லை. டிரம்முக்கும் பட்டைக்கும் நடுவில் காகிதம் விடலாம், விட்டுக் காட்டினார். ஆயில் பம்ப்பில் பிளாஸ்டிக் பல்சக்கரம், அது உருகிப்போயிருந்தது. செயின் அறுந்தால் வலது கையில் அடிக்காமல் தடுக்கக் கீழே ஒரு கொக்கி இருக்க வேண்டும், அதைப் போடவே இல்லை. செயின் கண்ணிகளில் நம்பர் இல்லை. மிஷின் நம்பர் பாடியில் பொறிக்காமல் ஸ்டிக்கரில் அச்சடித்திருந்தது, நகத்தால் சுரண்டினால் வந்துவிட்டது. இந்த ஆடியில் இதே மாதிரி வந்த மூன்றாவது மிஷின் இது என்றார். அதனால்தான் இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர் ரசீது வாங்கியிருக்கிறேன். ஜிபேயில் போன 5,000 ரூபாய்க்காக சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் போன் செய்தேன். பணம் போன உடனே கூப்பிட்டிருந்தால் அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு, நான் கூப்பிட்டது ஒன்றரை மாதம் கழித்து. நுகர்வோர் உதவி எண் 1915. நம்மைப் போல ஆட்கள், தொழிலுக்கு வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் கோர்ட் போக முடியாது என்று நினைக்கிறோம். அது சரியில்லை. சொந்தமாக உழைத்துப் பிழைப்பதற்காக வாங்கிய கருவி என்றால் 2019 சட்டப்படி நாமும் நுகர்வோர்தான். பொருளின் விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமும் கிடையாது. ஆனால் யார் மேல் போடுவது? என்னிடம் பில் இல்லை, கடை இல்லை, பெயர் இல்லை, அணைந்துபோன ஒரு போன் நம்பர்தான் இருக்கிறது. பில் வாங்குங்கள். கதவும் முகவரியும் உள்ள கடையில் வாங்குங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை. பழையது வாங்கினாலும் விற்கிறவன் வீடு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஏற்கெனவே இப்படி வாங்கிவிட்டவர்கள் நாளைக் காலை வேலைக்குப் போகும் முன் இதைச் செய்யுங்கள். மிஷினைத் தரையில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்து, நன்றாக ரேஸ் கொடுத்து, கையை எடுக்காமலேயே இடது மணிக்கட்டால் கார்டை முன்னால் தள்ளுங்கள். செயின் அந்த நொடியே நிற்க வேண்டும். இன்னும் ஒரு சுற்று ஓடி நின்றால்கூட அந்த மிஷின் வேண்டாம். அடுத்தது எஞ்சினை அணைத்துவிட்டு, கார்டைப் பின்னால் இழுத்துவிட்டு, ஒரு அடிக்கட்டைக்கு ஒன்றரை அடி மேலே மிஷினைப் பிடியுங்கள். பின்கைப்பிடியை விடாமல் முன்கைப்பிடியை மட்டும் விடுங்கள். பார் முனை கட்டையில் விழுந்து இடிக்கும்போது பிரேக் தானாக விழ வேண்டும். விழவில்லை என்றால் அந்த மிஷினை எடுத்துக்கொண்டு மரத்துப் பக்கம் போகாதீர்கள்.

சொந்தக்காரர் ஒருவர், கீழ்நாட்டுப் பக்கம் 8,000-க்குத் தள்ளிவிடலாம் என்றார். விற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பிளக்கைக் கழற்றி எடுத்துவிட்டு, புகாருக்குத் தேவைப்படும் என்று சாக்கில் கட்டிப் பரண் மேல் வைத்திருக்கிறேன். பக்க மூடி திறந்தபடியே இருக்கிறது. கோத்தகிரிப் பக்கம் வருகிற மர வேலைக்காரர்கள் யாராக இருந்தாலும் வீட்டுக்கு வாருங்கள், இறக்கிக் காட்டுகிறேன். அந்தப் பட்டையை உங்கள் விரலால் அசைத்துப் பாருங்கள்.