அறுபது பேருக்கு ஒரு டம்மி: பிஎல்எஸ் கற்றுத்தர எந்த வழி நல்ல வழி?

எங்கள் நர்சிங் கல்லூரியின் ஸ்கில் லேபில் முன்பு ஒரு பழைய டம்மி, அதாவது மனித உருவப் பயிற்சிப் பொம்மை, இருந்தது. மார்பு ஸ்பிரிங் தளர்ந்துபோய், லேசாக அழுத்தினாலே உள்ளே போய்விடும். அதில்தான் இரண்டு பேட்ச் பிள்ளைகள் சிபிஆர் (இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தி, மூச்சும் கொடுக்கும் முதலுதவி) பழகினார்கள். அவர்களில் ஒருத்தி வார்டு டியூட்டியில் முதல்முறையாக ஒரு பெரியவரின் நெஞ்சில் கைவைத்து அழுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மேம், உள்ள போகவே மாட்டேங்குது." பக்கத்தில் இருந்த சீனியர் ஸ்டாஃப் அவளை நகர்த்திவிட்டுத் தொடர்ந்தார். ரிட்டர்ன் டெமோவில், அதாவது டியூட்டர் காட்டியதைத் திரும்பச் செய்துகாட்டுவதில், முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளை அவள். செக்லிஸ்ட்டில் ஒரு ஸ்டெப் விட்டதில்லை. அவள் கைக்கு நாங்கள்தான் தவறான நெஞ்சைப் பழக்கிவிட்டிருந்தோம்.

அதன் பிறகு பிஎல்எஸ் (அடிப்படை உயிர்காப்பு) வகுப்பைப் பல விதமாக நடத்திப் பார்த்துவிட்டேன். லேபுக்கு என்ன வாங்கலாம், வகுப்பை எப்படிப் பிரிக்கலாம் என்று யோசிக்கும் சக டியூட்டர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கைக்கு வர வேண்டியது இதுதான்: பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். ஆழம் 5 செ.மீ.க்குக் குறையக்கூடாது, 6 செ.மீ.யைத் தாண்டவும் கூடாது. ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலே எழும்ப விட வேண்டும். 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. நாடி பார்க்க 10 நொடிக்கு மேல் எடுக்கக்கூடாது. எழுதச் சொன்னால் எல்லாப் பிள்ளைகளும் எழுதிவிடுவார்கள்.

முதலில், நாம் எல்லோரும் படித்து வந்த வழி. ஒரு மணி நேரம் பாடம், டியூட்டர் ஒரு டெமோ, பிறகு ஒவ்வொருவராக ரிட்டர்ன் டெமோ. இதை மட்டம் தட்ட எனக்கு மனமில்லை. முதலில் இடம் பாதுகாப்பா என்று பார்க்கணும், தோளைத் தட்டிக் கூப்பிடணும், உதவிக்கு ஆள் அழைக்கணும் என்ற வரிசை மனதில் ஏறுவதற்கு நேரில் ஒருவர் செய்துகாட்டுவதைவிட நல்ல வழி இல்லை. செலவும் கிடையாது. சிக்கல் கணக்கில் இருக்கிறது. அறுபது பேர், ஒரு டம்மி. ஆளுக்கு இரண்டு நிமிடம் கொடுத்தாலே இரண்டு மணி நேரம். வந்து மண்டியிட்டு, துப்பட்டாவைப் பின் குத்தி, வளையலைக் கழற்றி, கை வைக்கும் இடம் தேடும் நேரத்தையும் சேர்த்தால் அரை நாள் போய்விடும். அந்த அரை நாளில் ஒரு பிள்ளையின் கை வேலை செய்தது இரண்டு நிமிடம். மீதி நேரமெல்லாம் பார்வையாளர்.

இன்னொரு குறை எங்களுடையது. நின்றுகொண்டு பார்க்கும் டியூட்டரின் கண்ணுக்கு 4 செ.மீ.க்கும் 5 செ.மீ.க்கும் வித்தியாசம் தெரியாது. முழங்கை மடங்கினால் தெரியும், வேகம் ஓரளவு தெரியும். ஆழமும், கையை முழுதாக எடுக்காமல் சாய்ந்தே இருப்பதும் கண்ணில் சிக்காது. 'குட், நெக்ஸ்ட்' என்று சொல்லி நானே எத்தனையோ பிள்ளைகளை அனுப்பியிருக்கிறேன்.

இரண்டாவது, ஃபீட்பேக் உள்ள டம்மி. உள்ளே சென்சார் இருக்கும். சிலவற்றில் தோளில் விளக்கு எரியும், சிலவற்றில் ஃபோன் செயலியில் எண் வரும். லேர்டால் கம்பெனியின் லிட்டில் ஆன் க்யூசிபிஆர் செயலியோடு வருவது. பிரேடன் டம்மியில் இதயத்திலிருந்து தலை வரை விளக்கு வரிசையாக ஓடும்; அழுத்தம் சரியாக இருந்தால்தான் வெளிச்சம் மூளைவரை போகும். ரத்த ஓட்டத்தை இதைவிட எளிதாக ஒரு இரண்டாம் ஆண்டுப் பிள்ளைக்கு விளக்க முடியாது என்று நினைக்கிறேன்.

இந்த டம்மி வந்த முதல் நாள் ஒரு விஷயம் புரிந்தது. ஒல்லியான ஒரு மாணவி, நாற்பது கிலோவைத் தாண்ட மாட்டாள். டம்மியைக் கட்டில்மேல் வைத்திருந்தோம். அவள் கைகள் நன்றாக ஏறி இறங்கின, மெத்தையும் கூடவே ஏறி இறங்கியது. விளக்கு மட்டும் எரியவில்லை. மெத்தை அமுங்குவதை நெஞ்சு அமுங்குவதாக நாங்கள் எல்லோருமே நினைத்திருந்தோம். சிபிஆர் பலகையை அடியில் தள்ளி, கட்டில் உயரத்தைக் குறைத்து, அவளை ஒரு ஃபுட் ஸ்டூல்மேல் ஏற்றி நிறுத்தினோம். தோள் நேராகக் கைக்குமேல் வந்தது. முழங்கையைப் பூட்டி, இடுப்பிலிருந்து சாய்ந்து அழுத்தினாள். விளக்கு எரிந்தது. "மேம், கை வலிக்கல, முதுகுதான் வேலை செய்யுது" என்றாள். அந்த ஒரு வரியை அதுவரை எந்த வகுப்பிலும் நான் சொல்லிக்கொடுத்ததில்லை.

அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் 2019 ஜனவரி 31 முதல் தன் பெரியவர் சிபிஆர் வகுப்புகளில் ஃபீட்பேக் கருவியைக் கட்டாயமாக்கியது. காரணம் புரிகிறது. சரியா தவறா என்று அந்த நொடியிலேயே கைக்குச் சொல்லும் ஆள் இப்போது டம்மிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். டியூட்டர் அறையில் இல்லாவிட்டாலும் பிள்ளைகள் பழகலாம்.

குறை இல்லாமல் இல்லை. விளக்கையும் ஃபோனையும் பார்த்துக்கொண்டே அழுத்தும் பிள்ளைக்கு நோயாளி மறந்துபோகிறார். அதனால் கடைசிச் சுற்றில் நான் திரையைத் திருப்பி வைத்துவிடுவேன். பார்க்காமல் இரண்டு நிமிடம் செய்துவிட்டு, பிறகு எண்ணைப் பார்க்கட்டும். ஆம்பு பேகில் (கையால் அமுக்கிக் காற்று கொடுக்கும் பை) முகமூடியைப் பிடித்து, நெஞ்சு எழும்பும் அளவுக்கு ஒரு நொடியில் காற்று கொடுப்பது இன்னும் கடினமான வேலை. எல்லா டம்மியும் அதை அளப்பதில்லை. வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். பொதுமக்களுக்கு அழுத்தம் மட்டுமே போதும் என்று இந்தியன் ரிசசிட்டேஷன் கவுன்சில் 'கோல்ஸ்' என்ற முறையைக் கற்றுத்தருகிறது. நர்ஸுக்கு அது போதாது, மூச்சும் கொடுக்கத் தெரிய வேண்டும்.

மூன்றாவது, எல்லோரும் ஆசைப்படும் ஹை ஃபிடெலிட்டி, அதாவது நிஜ நோயாளிபோலவே நடந்துகொள்ளும் டம்மி. கழுத்தில் நாடி துடிக்கும், நெஞ்சு ஏறி இறங்கும், பேசும், மானிட்டரில் ரிதம் மாறும். சிம்மேன் போன்ற ஒன்றின் விலை பல பத்து லட்சம். அதற்கென்று தனி அறை, கண்ணாடித் தடுப்பு, மடிக்கணினி முன் ஒரு டியூட்டர், ஆண்டுப் பராமரிப்பு. இன்ஸ்பெக்ஷனுக்கு வருபவர்களுக்குக் காட்ட மிக நன்றாக இருக்கும். சக கல்லூரி ஒன்றில் அப்படியொரு பொம்மையை உறை பிரிக்காமல் வைத்திருப்பதைப் பார்த்து மனசு கனத்துவிட்டது. பழுதாகிவிடும் என்று பயந்து பிள்ளைகளைத் தொட விடவில்லை.

ஆனால் சரியாகப் பயன்படுத்தினால் மற்ற இரண்டும் கற்றுத்தராத ஒன்றை இது கற்றுத்தருகிறது. நாலு பேரை அறைக்குள் அனுப்புவோம். படுத்திருப்பவர் பேசிக்கொண்டே இருந்து பேச்சு நின்றுபோகும். ஒரு முறை இரண்டு பிள்ளைகள் ஒரே ஆம்பு பேகைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி கிராஷ் கார்ட் (அவசர மருந்து, கருவி வண்டி) தேடி ஓடினாள். நாலாவது பெண் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சில் யார் கையும் இல்லை. நாலு பேருக்குமே தனித்தனியாக நன்றாக அழுத்தத் தெரியும். 'நீ அழுத்து, நான் பேக் பிடிக்கிறேன், நீ கோட் ப்ளூ (மருத்துவமனை அவசர அழைப்பு) கூப்பிடு' என்று பெயர் சொல்லிச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

இன்னொன்றும் இங்கேதான் வெளியே வரும். ஆண் மாணவர்கள் பெண் நோயாளியின் உடையை விலக்கத் தயங்கினார்கள். எங்கள் டம்மிகள் எல்லாமே தட்டையான மார்பு கொண்டவை என்பதால் அதுவரை அந்தத் தயக்கம் கண்ணில் பட்டதே இல்லை. பொது இடத்தில் இதயம் நின்றுபோகும் பெண்களுக்கு, ஆண்களைவிடக் குறைவாகவே அக்கம்பக்கத்தார் சிபிஆர் செய்கிறார்கள் என்று வெளிநாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. நம் ஊரில் இந்தக் கூச்சத்தைப் பேசாமல் விடவே கூடாது. டம்மிக்கு ஒரு நைட்டியும் உள்ளாடையும் மாட்டிவிட்டாலே போதும், அந்தப் பேச்சைத் தொடங்கிவிடலாம். லட்சம் செலவில்லை.

சினாரியோ முடிந்ததும் நடந்ததை உட்கார்ந்து அலசும் நீளமான டீப்ரீஃபிங் நடத்துவது வழக்கம். பிஎல்எஸ் அளவுக்கு எனக்குப் பிடித்தது வேறு: ஜான்ஸ் ஹாப்கின்ஸில் எலிசபெத் ஹன்ட் குழுவினர் 2014இல் வெளியிட்ட முறை. தவறு நடந்த இடத்திலேயே நிறுத்தி, திருத்தி, பத்து நொடி பின்னால் போய் மறுபடி செய்யச் சொல்வது. சரியாகச் செய்த ஞாபகம்தான் கையில் கடைசியாகத் தங்கும். இதற்கு விலையுயர்ந்த பொம்மையும் தேவையில்லை. சாதாரண டம்மி, கட்டில், ஒரு காலி கிராஷ் கார்ட் போதும். இதைச் செய்ய ஆரம்பித்த பிறகு ஹை ஃபிடெலிட்டிமேல் இருந்த ஆசை எனக்குப் பாதி குறைந்துவிட்டது.

விஆர் (மெய்நிகர் காட்சி) கண்ணாடி பற்றி நிறையக் கேட்கிறார்கள். வரிசையை நினைவில் வைக்க உதவும், பிள்ளைகள் ஆர்வமாக மாட்டிக்கொள்வார்கள். கைக்குக் கீழே நெஞ்சு இல்லாத விஆரை அழுத்தம் கற்றுத்தர வாங்காதீர்கள்.

பொம்மை வைத்து நர்சிங் கற்றுத்தருவது நேற்று வந்த விஷயம் இல்லை. 1911இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் மருத்துவமனை நர்சிங் பள்ளி, பொம்மை செய்யும் மார்த்தா சேஸிடம் சொல்லி ஆளுயர பொம்மை ஒன்றைச் செய்து வாங்கியது. 'மிஸஸ் சேஸ்' என்று அதற்குப் பெயர். சிபிஆர் டம்மிகளின் மூத்தவளான ரிசஸி ஆன், நார்வேயில் விளையாட்டுப் பொம்மை செய்துகொண்டிருந்த ஆஸ்மண்ட் லேர்டால் 1960இல் கொண்டுவந்தது. முதல் பொம்மை வந்த காலத்திலிருந்தே கற்றுக்கொடுக்கும் வேலையைச் செய்தது, பிள்ளைகள் மறுபடி மறுபடி தொட்டதுதான்.

அதனால் எதை வாங்குவது என்பதைவிட எத்தனை முறை என்பதில்தான் என் கவலை அதிகம். இந்திய நர்சிங் கவுன்சிலின் 2021 பாடத்திட்டத்தில் பி.எஸ்சி நர்சிங் மூன்றாம் செமஸ்டரில் அடல்ட் ஹெல்த் நர்சிங் பாடத்தோடு பிசிஎல்எஸ் (அடிப்படை இதய உயிர்காப்பு) மாட்யூல் வருகிறது. நல்ல ஏற்பாடு. இன்டர்ன்ஷிப் வருவது எட்டாம் செமஸ்டரில். நடுவில் இரண்டு ஆண்டுக்குமேல். சிபிஆர் கைப்பழக்கம் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் தேய ஆரம்பித்துவிடும் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. சான்றிதழில் இரண்டு ஆண்டு செல்லும் என்று அச்சடித்திருக்கும், கைக்கு அந்தத் தேதி தெரியாது. அமெரிக்க மருத்துவமனைகளில் ஆர்க்யூஐ என்ற ஏற்பாட்டில், தள்ளுவண்டியில் டம்மியை வார்டிலேயே வைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை சில நிமிடம் பழக வைக்கிறார்கள்.

எங்களால் வண்டி வாங்க முடியவில்லை. ஹாஸ்டல் மெஸ்ஸுக்குப் போகும் வராந்தாவில் ஒரு ஃபீட்பேக் டம்மியைப் பாய் விரித்து வைத்தோம். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம். மாதத்தில் ஒரு நாள், சாப்பாட்டுக்கு முன் இரண்டு நிமிடம், பிறகு மதிப்பெண்ணைத் தானே எழுத வேண்டும். முதல் மாதம் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். நான்காம் மாதத்தில் மூன்றாம் ஆண்டு அக்காக்கள் முதலாண்டுப் பிள்ளைகளின் முழங்கையைப் பிடித்து நேராக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு ஹை ஃபிடெலிட்டி பொம்மைக்கான பணம் உங்கள் கையில் இருந்தால், என் யோசனை இது. ஃபீட்பேக் உள்ள ஆறு டார்சோ (தலையும் மார்பும் மட்டும் உள்ள டம்மி), அதில் குறைந்தது இரண்டு மூச்சையும் அளப்பதாக. குழந்தை டம்மி இரண்டு. பயிற்சி ஏஇடி (இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் தானியங்கிக் கருவி) ஒன்று. ஆறு டம்மி இருந்தால், அழுத்தும் நேரத்தை மட்டும் கணக்கிட்டால், அறுபது பேரும் இருபது நிமிடத்தில் ஒரு சுற்று முடித்துவிடுவார்கள். மீதிப் பணத்தில் இரண்டு டியூட்டர்களை சினாரியோ நடத்தும் பயிற்சிக்கு அனுப்புங்கள். நுரையீரல் பை, முகத்தோல், துடைக்கும் வைப்ஸ், பேட்டரி ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் தனியாகப் பணம் ஒதுக்கச் சொல்லுங்கள். ஸ்பிரிங்கைச் செமஸ்டருக்கு ஒரு முறை யாராவது ஒருவர் அழுத்திப் பார்த்து, தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். எங்கள் பழைய டம்மியில் அப்படி ஒரு கையெழுத்துகூட இருந்ததில்லை.