இரண்டாவது பேட்டரிக்கு முதலில் இடம் பாருங்கள்

எஞ்சினைக் கிளப்பும் பேட்டரி தீர்ந்துவிடாமல் ஃபிரிட்ஜ் போன்றவற்றை ஓட்ட, முகாமுக்குப் போகும் ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் இரண்டாவது பேட்டரி வைப்பது பற்றிப் பேச்செடுத்தால், லித்தியமா ஏஜிஎம்மா (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத, மூடிய ஈய-அமில வகை) என்றுதான் வாக்குவாதம் தொடங்கும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். டிக்கி முழுவதையும் அடைத்து இரண்டு இழுப்பறைகள் செய்து முடித்த பிறகு, வாங்கிய பேட்டரியை எங்கே வைப்பது என்று வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கடைசியில் பானெட்டுக்கு அடியில்தான் இடம் கிடைத்தது. எந்த வகைப் பேட்டரி, எந்தச் சார்ஜர், எவ்வளவு கேபிள் என்ற எல்லாக் கேள்விகளுக்கும் அந்த இடமே பதில் சொல்லிவிட்டது. ஆகவே இந்த அலசலை இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

பானெட்டுக்கு அடியிலா, வண்டிக்கு உள்ளேயா?

பானெட்டுக்கு அடியில் வைத்தால் கேபிள் குட்டையாக முடிந்துவிடும், டிக்கியில் ஓர் அங்குலமும் போகாது. எதிரி வெப்பம்தான். மணலிலோ மலையேற்றத்திலோ மெதுவாக ஊர்ந்து போகும்போது எஞ்சின் அறை கொதிக்கும். லித்தியம் பேட்டரியை அங்கே வைக்கப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் அனுமதிப்பதில்லை. ஈய-அமிலப் பேட்டரி தாங்கும், ஆனால் ஆயுள் குறையும்; வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது அந்தத் தொழிலில் பழைய கணக்கு.

உள்ளே வைத்தால் குளுமை உண்டு, ஆனால் கேபிள் நீளும். முன்னிருந்து பின்னுக்கு 5 மீட்டர் என்றால், போக வர 10 மீட்டர். அதில் 25 ஆம்பியர் ஓடினால், 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் சுமார் 0.8 வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகும். 16 சதுர மில்லிமீட்டரில் 0.3 வோல்ட்தான். கேபிள் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ‘6 எம்எம்’ என்று விற்கப்படும் வாகன வயர்கள் சிலவற்றில் அந்த எண் உறையையும் சேர்த்த விட்டத்தைக் குறிக்கும். செம்பின் குறுக்குப் பரப்பைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கேபிளின் இரு முனையிலும் பேட்டரி இருப்பதால் ஃபியூஸும் இரு முனையிலும் வேண்டும். இதில் சமரசமே கிடையாது. தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜனை வெளிவிடும் என்பதால் அதை உள்ளே வைக்க வேண்டாம்.

ஏஜிஎம்மா, லித்தியமா?

பேட்டரியின் கொள்ளளவை ஆம்பியர்-மணியில் சொல்வார்கள். 100 ஆம்பியர்-மணி ஏஜிஎம் பேட்டரி 30 கிலோவுக்குச் சற்றே குறைவாக இருக்கும். நீண்ட நாள் உழைக்க வேண்டுமென்றால் அதில் பாதியைத்தான் செலவழிக்கலாம். அதே அளவு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி சுமார் 12 கிலோ. 80 முதல் 90 ஆம்பியர்-மணி வரை தயங்காமல் எடுக்கலாம். சிறிய கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு 40 ஆம்பியர்-மணி குடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஏஜிஎம் ஒரு நாளைத் தாண்டியதும் மூச்சு வாங்கும். லித்தியம் இரண்டு நாள் நிற்கும்.

எடையைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. ஈயப் பேட்டரியில் கடைசி 20 சதவீதம் மிக மெதுவாகத்தான் ஏறும். அடுத்த முகாமுக்கு இரண்டு மணி நேரம் ஓட்டினாலும் அது நிறையாது. அரைகுறையாகவே கிடந்து, உள்ளே சல்ஃபேட் படிந்து கெடும். லித்தியம் கிட்டத்தட்ட நிறையும்வரை கொடுத்த மின்னோட்டத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். அதற்கும் ஒரு பிடிவாதம் உண்டு: உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது. பனி பெய்யும் இடங்களில் முகாமிடுபவர்கள் சூடேற்றும் வசதி உள்ளதைப் பார்க்க வேண்டும்.

ரிலேயா, டிசி-டிசி சார்ஜரா?

ஓடும் எஞ்சினிலிருந்து இரண்டாவது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் வழிகள் இவை. ரிலே எளிமையான தானியங்கிச் சுவிட்ச். எஞ்சின் ஓடி மின்னழுத்தம் 13.3 வோல்ட் அளவுக்கு ஏறினால் இரண்டு பேட்டரிகளையும் இணைக்கும், 12.8 அளவுக்கு இறங்கினால் பிரிக்கும். விலை குறைவு, கெடுவதற்கு அதிகம் ஒன்றுமில்லை. பழைய வண்டி, பானெட்டுக்கு அடியில் ஏஜிஎம் என்றால் இன்றும் நான் ரிலேயைத்தான் சொல்வேன்.

இரண்டு இடங்களில் அது தோற்கும். எரிபொருளை மிச்சப்படுத்த மின்னழுத்தத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் சுழற்றும் மின்னாக்கி) உள்ள புதிய வண்டிகளில், ஓடும்போதே ரிலே பிரிந்துவிடும். லித்தியத்தோடு சேர்த்தால் நேர்மாறான கோளாறு: சும்மா இருக்கும்போதே லித்தியம் 13.2 அல்லது 13.3 வோல்ட்டில் நிற்கும். எஞ்சினை அணைத்த பிறகும் இணைப்பு விடாமல் இருக்க அது போதும். பிரித்து வைக்கத்தான் ரிலேயையே வாங்கினோம்! போதாததற்கு, தடையில்லாமல் மின்னோட்டத்தை இழுத்து ஆல்டர்னேட்டரையும் சூடாக்கும்.

டிசி-டிசி சார்ஜர் தளர்ந்து வரும் மின்னழுத்தத்தை உயர்த்தி, பேட்டரி வகைக்கு ஏற்ப, அளவோடு கொடுக்கும். 25 ஆம்பியர் சார்ஜர் இரண்டு மணி நேர ஓட்டத்தில் ஏறத்தாழ 50 ஆம்பியர்-மணியைத் திருப்பித் தந்துவிடும். பலவற்றில் சோலார் பேனலுக்கான இணைப்பும் சேர்ந்தே வருகிறது. சார்ஜரை இரண்டாவது பேட்டரிக்கு அருகிலேயே பொருத்துங்கள். வழியில் தொலைந்த மின்னழுத்தத்தை அதுவே ஈடுகட்டும்.

வயரே வேண்டாம் என்பவர்களுக்குக் கையில் தூக்கும் மின்பெட்டி இருக்கிறது. 1000 வாட்-மணிப் பெட்டி ஒன்று, 80 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரிக்குச் சமம். கூடாரத்துக்குள் எடுத்துப் போகலாம், வண்டியை மாற்றினாலும் கூடவே வரும். ஆனால் சிகரெட் லைட்டர் துளையிலிருந்து சுமார் 100 வாட்தான் கிடைக்கும். பெட்டி முழுதாகச் சார்ஜ் ஏற ஒரு பகல் முழுக்க ஓட்ட வேண்டும். இரண்டு இரவுப் பயணத்துக்குப் போதும்; வாரக்கணக்கில் போகிறவர்களுக்கு ஆகாது.

இழுப்பறையா, பெட்டிகளா?

இழுப்பறையின் சுகம் பழகினால்தான் தெரியும்: எதையும் இறக்காமல் அடுப்பை எடுக்கலாம். அதற்கு விலை எடை. இரும்புச் சட்டத் தொகுதிகள் பல, காலியாகவே 60 கிலோவைத் தாண்டும். 30 சென்டிமீட்டர் உயரமும் போய்விடும். அதன் மேல் ஃபிரிட்ஜை வைத்தால், உயரம் கூட்டிய வண்டியில் குள்ளமானவர்கள் மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கக்கூட முடியாது. என் மனைவி அதை முதல் பயணத்திலேயே சுட்டிக்காட்டிவிட்டார். ஃபிரிட்ஜை வெளியே இழுத்துத் தாழ்த்தும் சறுக்குச் சட்டம் பொருத்தலாம், மறுபடி எடை.

பெட்டிகள் இலேசானவை, வீட்டிலேயே அடுக்கிக் கொண்டுவரலாம், வேண்டாத பயணத்தில் விட்டுவிட்டுப் போகலாம். தேடுவது எப்போதும் அடிப்பெட்டியில் இருக்கும் என்பது அவற்றின் சாபம். பட்டையால் இறுகக் கட்டாவிட்டால் அவசரப் பிரேக்கில் தலைக்கு மேல் பறக்கும். எதைத் தேர்ந்தாலும் கனமானவை தாழ்வாக, பின் அச்சுக்கு முன்னால், இருக்கையை ஒட்டி இருக்க வேண்டும்.

பானெட்டுக்கு அடியில் தொடங்கிய நான், பிறகு ஓர் இழுப்பறையைக் கழற்றிவிட்டேன். அந்தப் பக்கம் ஃபிரிட்ஜ் தரையோடு நிற்கிறது. அதற்கும் சக்கர வளைவுக்கும் இடைப்பட்ட சந்தில் லித்தியமும் சார்ஜரும். மறுபக்கம் மிச்சமிருக்கும் இழுப்பறை, அதன் மேல் இரண்டு பெட்டிகள். ஃபியூஸ்களை மறைக்கும் பலகையை இப்போது ஒரே கொக்கியில் மாட்டியிருக்கிறேன். பழைய அமைப்பில் ஃபிரிட்ஜின் ஃபியூஸைத் தொட 14 திருகுகளைக் கழற்ற வேண்டியிருந்தது. ஒரு மழை இரவில், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கழற்றியும் இருக்கிறேன்.