லேப் வைரக் கம்மல்: சில வருட உபயோகத்துக்குப் பிறகு

ஒற்றைக்கல் கம்மல். காதுக்கு அரை கேரட், 18 கேரட் தங்கம். கல் இரண்டும் லேப் வைரம், அதாவது சுரங்கத்தில் தோண்டாமல் ஆய்வகத்தில் வளர்த்தது. கொரோனா அடங்கிய பிறகு சௌகார்பேட்டையில் வாங்கியது. சமையல், குளியல், தூக்கம் எல்லாம் இதோடுதான். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் இதைப் பார்த்துவிட்டு விசாரிக்கிற எல்லாரும் முதலில் கேட்பது, "இது நிஜ வைரமா?" என்றுதான். வாங்குகிற யோசனையில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்று விவரமாகவே எழுதுகிறேன்.

நிஜ வைரம்தான். அமெரிக்கன் டைமண்ட் என்று விற்கிறார்களே, அது கியூபிக் சிர்கோனியா. அதில் கார்பனே கிடையாது. மொய்சனைட் சிலிக்கன் கார்பைடு. லேப் வைரமோ முழுக்கக் கார்பன். சுரங்கத்து வைரத்தின் அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றனவோ அப்படியே இதிலும் இருக்கும். மோஸ் அளவுகோலில் கடினம் அதே 10, ஒளிவிலகல் எண்ணும் அதே 2.42. கடையில் பேனா மாதிரி ஒரு டெஸ்டர் வைத்துப் பார்ப்பார்கள். கல் சூட்டை எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்பதுதான் அதற்குத் தெரியும், அதனால் சுரங்கத்துக் கல், லேப் கல் இரண்டையும் வைரம் என்றே சொல்லும்.

தயாரிக்க இரண்டு வழி. முதலாவது, பூமிக்கடியில் நடப்பதை இயந்திரத்துக்குள் நடத்துவது. கிராஃபைட், கூடவே இரும்பு, நிக்கல் போன்ற உலோகம், விதையாக ஒரு குட்டி வைரத் துண்டு. இவற்றைக் காற்றழுத்தத்தைப் போல ஐம்பதாயிரம் மடங்குக்கும் மேலான அழுத்தத்தில், 1300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்குவார்கள். உருகிய உலோகத்தில் கார்பன் கரைந்து விதையின் மேல் படியும். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் 1955இல் அறிவித்தது இந்த முறையைத்தான். அப்போது கிடைத்தவை தொழிற்சாலைப் பொடிக்கற்கள். நகைக்கான கல் வர வெகுகாலம் ஆயிற்று.

என் கல் இரண்டாவது முறையில், வாயுவிலிருந்து கார்பனைப் படிய வைக்கிற சி.வி.டி.யில் வளர்ந்தது. காற்றை உறிஞ்சி எடுத்த அறைக்குள் தகடு மாதிரி மெல்லிய வைர விதைகளை வைத்து, மீத்தேனையும் ஹைட்ரஜனையும் உள்ளே விட்டு, மைக்ரோவேவால் பிளாஸ்மாவாக்குகிறார்கள், அதாவது மின்னேற்றம் பெற்ற வாயுவாக. சூடு 800, 1000 டிகிரி அளவில் இருக்கும். மீத்தேனிலிருந்து பிரிந்த கார்பன் விதையின் மேல் படலம் படலமாக அமரும். வைரமாகாமல் கிராஃபைட்டாக ஒட்டுவதை ஹைட்ரஜன் அரித்து வெளியேற்றிவிடும். எனக்கு இதில் பெரிய வியப்பே இந்த ஹைட்ரஜன்தான். அது இல்லாவிட்டால் கரிதான் மிஞ்சும். சில வாரங்களில் கரிய விளிம்போடு ஒரு கட்டி கிடைக்கும். அந்த விளிம்பை லேசரால் வெட்டி எறிந்துவிட்டுப் பட்டை தீட்டுவார்கள். நம் நாட்டில் இந்த வேலைக்குச் சூரத்தான் தலைமையிடம். இந்த இயந்திரங்களையும் விதைகளையும் உள்நாட்டிலேயே உருவாக்கும் ஆராய்ச்சிக்காக, 2023 பட்ஜெட்டுக்குப் பிறகு ஐந்து ஆண்டுகளுக்குச் சுமார் 243 கோடி ரூபாய் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஒதுக்கியிருக்கிறார்கள்.

என் மாமியாரிடம் ஏழு கல் தோடு இருக்கிறது. அது சுரங்கத்து வைரம். 150 கிலோமீட்டருக்கும் கீழே, நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் உருவாகி, எரிமலைக் குழாய் வழியாக மேலே வந்த வகை. என் கம்மலைப் பார்த்ததும் அத்தை சொன்னது: "ஏம்மா, மிஷின்ல செஞ்ச கல்லு, குடும்பத்துக்கு ஒத்துக்குமா? தோஷம் பாத்தியா?" தோஷம் என்று பெரியவர்கள் பார்ப்பது கல்லுக்குள் இருக்கும் கரும்புள்ளியையும் கீறலையும். லேப் கல்லிலும் புள்ளி வரும். இதிலும் தரம் உண்டு. அத்தையைக் கடைக்கே அழைத்துப் போய் பத்து மடங்கு லென்ஸைக் கையில் கொடுத்தேன். புள்ளி எதுவும் தெரியவில்லை. கல்லின் இடுப்பு விளிம்பில் மட்டும், வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவில், எல்.ஜி. (லேப் க்ரோன்) என்று தொடங்கும் எண் லேசரில் பொறித்திருந்தது. சர்டிஃபிகேட்டிலும் அதே எண். "சரி, சுத்தமாத்தான் இருக்கு" என்றார்.

அந்த எண் இல்லாவிட்டால் இரண்டையும் கண்ணால் பிரிக்க முடியாது. பெரும்பாலான சுரங்க வைரங்களில் நைட்ரஜன் கலந்திருக்கும், சி.வி.டி. கல்லில் அநேகமாக இருக்காது. அதை வைத்து ஆய்வகக் கருவிதான் கண்டுபிடிக்கும்.

உபயோகத்தில் கல் கொஞ்சமும் மாறவில்லை. மங்குவதாகத் தோன்றினால் அது பின்பக்கம் சேர்கிற தேங்காய் எண்ணெயும் மஞ்சளும்தான். வைரத்துக்கு எண்ணெய் என்றால் அப்படி ஒரு ஒட்டுதல். சுரங்கங்களில் கிரீஸ் பூசிய மேசையில் ஓடவிட்டு வைரத்தைப் பிடித்ததே இதனால்தான். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு, மென்மையான பல் துலக்கும் பிரஷ், அவ்வளவு போதும். தொல்லை கொடுத்தது தங்கம். ஒரு காதின் திருகாணி தேய்ந்து வழுக்கியது, கல்லைப் பிடித்திருக்கும் முனை ஒன்று தளர்ந்தது. பத்தரிடம் கொடுத்து இறுக்கி வாங்கினேன். வருஷத்துக்கு ஒரு தடவையாவது காட்டிவிடுங்கள். மற்ற நகைகளோடு ஒரே டப்பாவில் போடாதீர்கள், தங்கத்தைக் கீறிவிடும்.

அப்புறம், விலை. போன வருஷம் உறவுக்காரப் பெண்ணுக்கு இதே அளவில் எடுக்கப் போனபோது, நான் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை. என்னுடையதைத் திரும்ப எடுப்பீர்களா என்றதற்கு, தங்கத்துக்கு மட்டும்தான் போடுவோம் என்றார்கள். விற்கிறபோது அவர்கள் இதைச் சொல்லவே இல்லை, அது நியாயமில்லை. உலகம் முழுக்க இதே சரிவுதான். சுரங்க வைர நிறுவனமான டி பியர்ஸ், 2018இல் கேரட் 800 டாலர் என்று தொடங்கிய லைட்பாக்ஸ் என்ற லேப் வைர பிராண்டை 2025இல் மூடுவதாக அறிவித்துவிட்டது. சுரங்க வைரத்தைத் திரும்ப எடுக்கும் கடைகள் உண்டு, அந்த வகையில் அத்தையின் தோடுதான் மேல். ஆனால் எங்கள் பக்கம் நகை என்றால் ஸ்கூல் ஃபீஸுக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் அடகு வைக்கிற பொருள். பேங்கில் நகைக்கடன் கேட்டால் எந்தக் கல்லாக இருந்தாலும் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்தை மட்டுமே கணக்கில் எடுப்பார்கள். அவசரத்துக்கு உதவ வேண்டிய பணம் என்றால் தங்கமாகவே வாங்குங்கள். ஆசையாகப் போட்டுக்கொள்ள வைரம் வேண்டுமென்றால் லேப் வைரத்தை மனசாரப் பரிந்துரைக்கிறேன்.

சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று விளம்பரம் செய்கிறார்களே, அதை அப்படியே ஏற்க என்னால் முடியவில்லை. மண்ணைத் தோண்டவில்லை, உண்மை. ஆனால் அந்த இயந்திரம் வாரக்கணக்கில் நிற்காமல் மின்சாரம் இழுக்கும். நிலக்கரி மின்சாரம் என்றால் என்ன என்பதை எண்ணூரிலும் அத்திப்பட்டிலும் அனல் மின் நிலையச் சாம்பலோடு வாழ்கிறவர்களிடம் கேட்க வேண்டும். சூரிய மின்சாரத்தில் வளர்த்த கல் என்று ஆதாரத்தோடு காட்டினால், கூடுதல் விலை கொடுக்கக்கூட நான் தயார்.

வாங்கும்போது பில்லில் லேபரட்டரி க்ரோன் டைமண்ட் என்று முழுசாக எழுதியிருக்க வேண்டும். தங்க எடையும் கல் எடையும் தனித்தனியாக வேண்டும், கல் எடையைத் தங்க விலையில் சேர்க்க விடாதீர்கள். கல் எடையில் ஒரு கேரட் என்பது 200 மில்லிகிராம் (தங்கத்தின் 18 கேரட் வேறு, அது சுத்தத்தின் அளவு). தங்கத்தில் ஹால்மார்க்கின் ஹெச்.யூ.ஐ.டி. எண்ணையும் (ஒவ்வொரு நகைக்கும் தனியாகப் பொறிக்கிற அடையாள எண்), வளர்ந்த பிறகு கல்லுக்கு நிறம் தெளிய ஏதாவது செய்திருக்கலாம் என்ற வரி சர்டிஃபிகேட்டில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். திரும்ப எடுப்பார்களா, எவ்வளவுக்கு என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே பில்லின் பின்னால் எழுதி வாங்கிவிடுங்கள்.