இரும்பு ஆப்பச்சட்டி: ஒன்று வாங்கினால் பத்தாது

போன ஆடித் தள்ளுபடியில் திருச்சி பெரிய கடைவீதியில் ஒரு பாத்திரக்கடையில் வார்ப்பிரும்பு ஆப்பச்சட்டி வாங்கினேன். சட்டி 1150 ரூபாய், மூடி தனியாக 280. பத்து மாதம் ஆகிவிட்டது. அதில் இதுவரை ஊற்றின ஆப்பம் ஐந்நூறுக்குக் குறையாது, விருந்தாளிகள் முன்னால் மானம் போனது இரண்டு தடவை, கையில் சூடு பட்டதற்குக் கணக்கே இல்லை. அதனால் இந்தச் சட்டியைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் தகுதி வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அடுப்படி என்னுடையது. மற்ற ஆறு நாளும் என் மனைவி சமைப்பது சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமை நான் செய்வது ‘பரிசோதனை’, இது அவள் வைத்த பெயர். ஏதாவது புதுசாகக் கற்றுக்கொண்டால் அதை யாரையாவது கூப்பிட்டுப் போட்டுவிட வேண்டும் எனக்கு, இல்லையென்றால் தூக்கம் வராது. இதற்கு முன்னால் நான்ஸ்டிக் ஆப்பச்சட்டி ஒன்று வைத்திருந்தோம். அதைக் குறை சொல்ல மாட்டேன், ஒட்டாது, எடை இல்லை, எண்ணெய் வேண்டாம். ஆனால் இரண்டே வருடத்தில் நடுவில் பூச்சு உரிந்துவிட்டது, அதோடு ஓரம் எவ்வளவு முறுக விட்டாலும் அந்தப் பழைய சாப்பாட்டுக்கடை ஆப்பத்தின் சலசலப்பு வரவே வராது. அந்தச் சலசலப்புக்காகத்தான் இரும்புக்குப் போனேன்.

கடைக்காரர் “பழக்கினது சார், வீட்டுக்குப் போய்க் கழுவிட்டு அப்படியே ஊத்தலாம்” என்றார். முதல் பொய் அது. அவர் வேண்டுமென்று சொன்னார் என்று சொல்லவில்லை, பெட்டியிலும் அப்படித்தான் போட்டிருந்தது. கழுவி, எண்ணெய் தடவி, நல்ல நம்பிக்கையோடு முதல் கரண்டி மாவை விட்டேன். கரண்டியால் சுரண்டி எடுத்தேன். இரண்டாவதையும் சுரண்டினேன். அப்புறம் அம்மாவுக்கு போன் போட்டதில், “கடைக்காரன் பழக்கினது அவனுக்குடா, நீ பழக்கினாத்தான் உனக்கு” என்று சொல்லிவிட்டு வழியும் சொன்னாள். மூன்று நாள் வடிகஞ்சியை ஊற்றி வைத்து தினமும் மாற்ற வேண்டும், முதல் நாள் கஞ்சி மசி மாதிரிக் கறுத்து வந்தது. அப்புறம் நன்றாகத் துடைத்து, அடுப்பில் ஈரம் போகக் காய்ச்சி, நல்லெண்ணெயை மெல்லிசாகத் தடவி, புகை வரும்வரை சிறு தீயில் வைத்து ஆற விட வேண்டும், இதை ஐந்து தடவையாவது செய்ய வேண்டும். எண்ணெய் தாராளமாக ஊற்றினால் சீக்கிரம் பழகிவிடும் என்று நினைத்து ஒரு தடவை ஊற்றினேன், பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டது, மறுபடி தேய்த்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். அப்புறம் ஒரு வாரம் அதில் வெங்காயம் வதக்கினேன், முட்டை பொரித்தேன். பத்து நாளுக்கு மேல் ஆனது. வாங்கின மறுநாளே விருந்துக்கு நாள் குறித்துவிடாதீர்கள்.

சட்டியின் எடை இரண்டரைக் கிலோ, மூடி இல்லாமல். தோசைக்கல் என்றால் இந்த எடை ஒரு பொருட்டே இல்லை, போட்ட இடத்தில் கிடக்கும். ஆப்பச்சட்டி அப்படியா? மாவை விட்டவுடன் இரண்டு காதையும் துணியால் பிடித்துத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். ஒரு ஆப்பத்துக்கு ஒரு தரம். பத்தாவது ஆப்பத்தில் இடது மணிக்கட்டு பேச ஆரம்பிக்கும், இருபதாவதில் கத்தும். காதுகளும் இரும்புதான், சட்டியோடு சேர்ந்து கொதிக்கும். துணி கொஞ்சம் ஈரமாக இருந்தால் சூடு ஒரே நொடியில் உள்ளே வந்துவிடும், காய்ந்த துணியை நாலாக மடித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து ஒரு குறை, இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. அடி உருண்டையாக இருப்பதால் கேஸ் அடுப்புக் கம்பிகள் மேல் சட்டி உட்காராது, ஆடும். மாவை விட்டுவிட்டு மூடி போடும்போது ஒரு பக்கம் சாய்ந்தால் மாவு அந்தப் பக்கம் ஓடி, பிறை நிலா மாதிரி ஆப்பம் வரும். இதற்கென்று இரும்பு வளையம் ஒன்று விற்கிறார்கள், 90 ரூபாய்க்கு வாங்கினேன், சட்டியோடு சேர்த்தே கொடுத்திருக்க வேண்டிய பொருள் அது. இண்டக்‌ஷன் அடுப்பு வைத்திருப்பவர்கள் இதை மறந்துவிடலாம், இரும்பாக இருந்தும் பயனில்லை, உருண்டை அடி தட்டைக் கண்ணாடியில் படாது.

சரி, விருந்துக்கு வருகிறேன்.

முதல் விருந்து மச்சான் குடும்பம், நாலு பேர். ஆட்டுக்கால் பாயா வைத்தேன், அதில் எந்தக் குறையும் இல்லை, கால் நன்றாக வெந்து, குழம்பு விரலில் ஒட்டுகிற பதம். ஆப்பம்தான். முதல் ஆப்பம் நன்றாக வந்தது, இரண்டாவதும் வந்தது. மூன்றாவதிலிருந்து மாவை விட்டவுடன் “சொய்ங்” என்று சத்தம் போட்டு நடுவிலேயே கட்டிக்கொண்டது, சுற்றினால் நகர மறுத்தது, ஓரத்தில் பூப்பின்னல் இல்லை, நடுவில் களி. நான் மாவின் மேல் பழியைப் போட்டுத் தண்ணீர் விட்டேன். இன்னும் மோசமானது. கடைசியில் என் மனைவி ஒன்றும் பேசாமல் பக்கத்து அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டு, அதே மாவில் தோசை வார்த்து எல்லாருக்கும் பரிமாறிவிட்டாள். மச்சான் பாயாவில் தோசையை நனைத்துக்கொண்டே, “ஆப்பம் அருமை மாப்ளே, தோசை மாதிரியே இருக்கு” என்றார். இன்றுவரை எந்தக் கல்யாண வீட்டில் பார்த்தாலும் இதைச் சொல்லாமல் போனதில்லை.

எங்கள் மாடி வீட்டில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் இருக்கிறார், தொண்ணூறுகளில் வந்து திருச்சியிலேயே தங்கிவிட்ட குடும்பம். நான் ஞாயிற்றுக்கிழமை தோறும் கருக்கும் வாசனை அவருக்கு மேலே போயிருக்க வேண்டும், ஒருநாள் இறங்கி வந்தார். நாம் ஆப்பம் என்பதை அவர்கள் அப்பம் என்கிறார்கள். நாம் ஊற்றுகிறோம், அவர்கள் சுடுகிறார்கள். ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, “தம்பி, மாவில பிழையில்லை. சட்டி கோபமா இருக்கு. ஒருக்கா இறக்கி வையுங்கோ” என்றார்.

விஷயம் அவ்வளவுதான். நான்ஸ்டிக்கோ அலுமினியமோ தீயைக் குறைத்தால் உடனே அடங்கிவிடும். வார்ப்பிரும்பு வாங்கின சூட்டை விடாது, ஒவ்வொரு ஆப்பத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போகும். மூன்றாவது, நாலாவது ஆப்பத்தில் தீயைப் பாதியாக்க வேண்டும், அப்போதும் சூடு தெரிந்தால் சட்டியை இறக்கி வைத்து, சூடு கொஞ்சம் தணிந்த பிறகு எடுக்க வேண்டும் (தண்ணீர் தெளிக்கக் கூடாது, வார்ப்பிரும்பு சூட்டில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம்). மாவை விடும்போது மெல்லிசாக “ஸ்ஸ்” என்று ஒரு சத்தம் வந்தால் சரியான சூடு. சத்தமே இல்லையென்றால் ஆறிப் போயிருக்கிறது, ஓரத்தில் மாவு ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு கீழே இறங்கிவிடும். “சொய்ங்” என்றால் கோபம். இந்த மூன்று சத்தமும் காதில் ஏறின பிறகு எனக்கு ஒரு ஆப்பம்கூடக் கட்டிக்கொண்டதில்லை. ஒவ்வொரு ஆப்பத்துக்கும் நடுவில், முள்கரண்டியில் குத்தின பாதி வெங்காயத்தை நல்லெண்ணெயில் தொட்டு ஒரு தேய், அது மட்டும் போதும்.

மாடி வீட்டு அம்மாவிடம் கற்றுக்கொண்டதில் பாலப்பத்துக்கு எங்கள் வீட்டில் இப்போது ரசிகர் மன்றமே இருக்கிறது. மாவைச் சுற்றி விட்டு, ஓரம் படிந்ததும் நடுவில் கெட்டியான முதல் தேங்காய்ப்பால் ஒரு குழிக்கரண்டி, அதில் உப்பும் சீனியும் கொஞ்சம் கரைத்திருக்க வேண்டும், விட்டு மூடிவிட்டால் பால் இறுகி நடுவில் தயிராடை மாதிரி நிற்கும். முட்டையப்பம் வேறு, நடுவில் முட்டையை உடைத்து ஊற்றி மிளகும் உப்பும் தூவினால் சரி. தொட்டுக்கொள்ளக் கட்டைச் சம்பல், செத்தல் மிளகாயும் (நம் காய்ந்த மிளகாய்) சின்ன வெங்காயமும் மாசிக் கருவாடும் இடித்து, தேசிக்காய்ப் புளி விட்டது. தேசிக்காய் என்றால் நம் எலுமிச்சைதான், அது தெரியாமல் நான் கடையில் போய்க் கேட்டு அசடு வழிந்தேன். நம் மாவுக்கும் அவர்கள் மாவுக்கும் வித்தியாசம் உண்டு. நான் அரைப்பது ஒரு கப் பச்சரிசி, ஒரு கப் இட்லி அரிசி, கால் கப் உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம், கடைசியில் ஒரு பிடி சாதம். அவர் உளுந்தே போடுவதில்லை. ஊரில் கள்ளு விட்டுப் புளிக்க வைப்பார்களாம், இங்கே ஈஸ்ட். இரும்புச்சட்டிக்கு அவர் மாவுதான் இன்னும் நன்றாகப் பொருந்துகிறது, பின்னல் கண்ணாடி மாதிரி வருகிறது. என் அம்மா இதைப் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

இரண்டாவது மானக்கேடு இதற்கப்புறம். கை வந்துவிட்டது என்ற திமிரில் ஆபீஸிலிருந்து எட்டுப் பேரைக் கூப்பிட்டேன். ஆப்பம் ஒன்றும் கெட்டுப் போகவில்லை, எல்லாம் பூ மாதிரி வந்தது. கெட்டுப் போனது கணக்கு. ஆளுக்கு நாலு ஆப்பம், எட்டுப் பேர், 32 ஆப்பம். மூடி போட்டு எடுக்க ஒன்றுக்கு மூன்று நிமிடம். 96 நிமிடம் ஆகும் என்பதை நான் எட்டரை மணிக்குக் கையில் கரண்டியோடு நிற்கும்போதுதான் பெருக்கிப் பார்த்தேன். முட்டையப்பம் கேட்டவர்களுக்கு இன்னும் ஒன்றரை நிமிடம் கூட. முதலிலேயே சுட்டு அடுக்கி வைக்கலாமே என்பீர்கள். அடுக்கினால் ஐந்தே நிமிடத்தில் ஓரம் ஈரத்துணி மாதிரித் துவண்டுவிடும், அதற்கு எதற்கு இரும்புச்சட்டி? கூடத்தில் இரண்டு பேர் சாப்பிட ஆறு பேர் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒருவரோடும் நாலு வார்த்தை பேசவில்லை. கடைசி ஆள் சாப்பிட்டு எழுந்தபோது மணி பத்தேகால், நான் மீதி மாவைப் பார்த்துவிட்டு மோர் குடித்துப் படுத்தேன். சங்க காலத்தில் அப்பம் விற்றவர்களுக்குக் கூவியர் என்று பெயர், அவர்கள் நள்ளிரவில் பண்டத்துக்குப் பக்கத்திலேயே தூங்கி வழிந்ததாக ஒரு பாட்டில் வருகிறது. அன்றைக்கு எனக்கு அது நன்றாகப் புரிந்தது.

மறுநாள் மாடியில் போய்ப் புலம்பினேன். அந்த அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. “எட்டுப் பேருக்கு ஒரு சட்டியோ? எங்கட பக்கம் கடையில நாலு, ஆறு சட்டி வரிசையா வைச்சல்லோ சுடுவினம்!”

ஆக இரண்டாவது சட்டி வாங்கினேன், அதே கடையில். கடைக்காரர் மறுபடி “பழக்கினது சார்” என்றார், நானும் தலையாட்டிக்கொண்டே வளையத்தையும் எடுத்துப் போடச் சொன்னேன். இரண்டு சட்டியானால் ஒன்று மூடியோடு வேகும்போது மற்றதில் ஊற்றலாம், கை சும்மா நிற்காது, நேரம் பாதியாகிறது. இன்னொன்றையும் மாற்றினேன். இப்போது விருந்தாளிகளைக் கூடத்தில் உட்கார வைப்பதில்லை. அடுப்படியில் இரண்டு முக்காலி, ஒரு பெஞ்சு, மேடையிலேயே பாயாச் சட்டி, தேங்காய்ப்பால், சம்பல். ஆப்பம் சட்டியிலிருந்து நேராகத் தட்டுக்கு. காத்திருப்பவர்கள் ஆளுக்கு ஒரு ஆப்பம் ஊற்றிப் பார்க்க ஆசைப்படுகிறார்கள், நான் அந்த நேரம் சாப்பிட்டுக்கொள்கிறேன். இரும்புச்சட்டியைப் பிடித்துச் சுற்றத் தெரியாதவர் ஊற்றின ஆப்பம் இந்தியா வரைபடம் மாதிரி வரும், அதற்கும் ஒரு சிரிப்பு.

முதல் சட்டியில் வார்ப்புக் குறை ஒன்று உண்டு, சொல்ல விட்டுவிட்டேன். உள்ளே அடியிலிருந்து கொஞ்சம் தள்ளி, கடுகு அளவு ஒரு கரடு. கடையில் வெளிச்சத்தில் விரலால் தடவிப் பார்த்து வாங்கியிருக்க வேண்டும், நான் பார்க்கவில்லை. மாற்றித் தரக் கேட்டதற்கு, எண்ணெய் பட்டுவிட்டது முடியாது என்றுவிட்டார்கள், அதில் எனக்கு இன்னும் வருத்தம்தான். நீங்கள் வாங்கும்போது விரலை விட்டு முழுவதும் தடவுங்கள், மூடியைப் போட்டு ஆட்டிப் பாருங்கள். என் மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, ஆவி அந்தப் பக்கமாகவே போகிறது.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை, ஆனால் மறக்கக் கூடாத வேலை. சோப்புப் போட்டு ஊற வைக்காமல், வெந்நீரில் கழுவி, அடுப்பில் காய வைத்து, எண்ணெய் தடவி வைக்க வேண்டும். ஒரு தடவை வேலைக்கு வந்த அக்கா தெரியாமல் தொட்டியில் தண்ணீரோடு இரவு முழுக்கப் போட்டுவிட்டார், காலையில் செங்கல் நிறத்தில் துரு. அவசரத்துக்கு அதிலேயே தக்காளிக் குழம்பு வைத்துவிடலாம் என்ற யோசனையும் வேண்டாம், புளிப்பு பட்டால் பழக்கினதெல்லாம் போய்விடும், குழம்பும் இரும்பு வாசனை அடிக்கும்.

ரெண்டு, மூன்று பேர் இருக்கிற வீடு, வாரத்துக்கு ஒரு தரம் ஆப்பம், பத்து நாள் பொறுமை உண்டு என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஒன்று வாங்கலாம். மணிக்கட்டு வலி உள்ளவர்களும் வயதானவர்களும் நான்ஸ்டிக்கிலேயே இருங்கள், ஆப்பம் கொஞ்சம் மெத்தென்று இருந்தால் ஒன்றும் குடி முழுகாது. ஆள் கூப்பிடுகிற பழக்கம் உள்ளவர்கள் முதலிலேயே இரண்டாக வாங்கிவிடுங்கள், வளையத்தோடு.

போன மாதம் மச்சான் குடும்பம் மறுபடி வந்தது. அந்தக் கரடு பட்ட இடத்தில் ஒவ்வொரு ஆப்பத்திலும் சின்னதாக ஒரு பொட்டு விழும், அதற்குப் ‘பொட்டு ஆப்பம்’ என்று பெயர் வைத்து மச்சான் மகளும் என் பையனும் அடித்துக்கொண்டார்கள். மச்சான் ஆறு சாப்பிட்டார். ஏழாவதுக்குத் தட்டை நீட்டிக்கொண்டே, “ஆனா மாப்ளே, அன்னைக்கு அந்தத் தோசை மாதிரி வரல” என்றார்.