பதின்மூன்று கண் பாலமும் ஒரு சின்னக் காமிராவும்

செங்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து என்று புனலூர் வரைக்கும் போய்ப் படம் எடுப்பது வழக்கம். உள்ளங்கையில் அடங்கும் ஆக்‌ஷன் காமிரா ஒன்று மழைக்காலம் முழுவதும் என்னோடு மலை ஏறி இறங்கியிருக்கிறது. அட்டைப்பெட்டியில் 4கே (படத்தின் நுணுக்கத்தைச் சொல்லும் அளவு) என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். விலை விசாரிப்பவர்களும் அதையே கேட்கிறார்கள். லென்ஸ் ஒரு நேர்கோட்டை என்ன செய்கிறது என்பதை முதலில் பாருங்கள் என்பேன் நான்.

அதைப் பார்க்க, கேரளத்துக் கழுத்துருட்டி பதின்மூன்று கண் பாலத்தைவிட நல்ல இடம் இந்தப் பக்கம் கிடையாது. 1904-ல் ரயில் ஓடத் தொடங்கிய செங்கோட்டை-கொல்லம் ரயில் பாதையின் கற்பாலம் அது. 2018-ல் அது அகல ரயில் பாதையான பிறகும் வண்டி அதன்மேல்தான் போகிறது. நெடுஞ்சாலை ஓரம் நின்று செல்போனில் எடுத்தால் பாலத்தின் ஒரு பகுதிதான் கிடைக்கும். இந்தக் காமிரா அகலக் கோணத்தில் முழுப் பாலத்தையும், பின்னால் மலையையும், முன்னால் சாலையையும் வாரிக்கொள்கிறது. ஆனால் மட்டமாக ஓடும் மேல் விளிம்பு வில்லாக வளைந்து, இரு முனையும் கீழே தொங்குகிறது. ஓரத்துத் தூண்கள் அடைப்புக்குறி போல வெளிப்பக்கம் பிதுங்குகின்றன.

காமிராவைச் சற்று மேலே தூக்கி, அந்த விளிம்பு படத்தின் நட்டநடுவில் வரும்படி பிடித்தேன். கோடு நேராகிவிட்டது! படத்தின் மையத்தின் வழியே போகும் கோட்டை இந்த லென்ஸ் வளைப்பதில்லை. மையத்தை விட்டு விலக விலகத்தான் வளைக்கிறது. தொடுவானத்துக்கும் இதே கணக்குதான். காமிரா குனிந்தால் தொடுவானம் கூனும், நிமிர்ந்தால் குழியும். தூண்களின் பிதுக்கம் மட்டும் அப்படியே இருந்தது.

‘லீனியர்’ என்ற முறைக்கு மாற்றினால் தூண்களும் நிமிர்கின்றன. அதற்குக் கொடுக்கும் விலையையும் சொல்ல வேண்டும். முனைக் கண்கள் படத்துக்கு வெளியே போய்விடுகின்றன. வளைந்த ஓரத்தை மென்பொருள் இழுத்துத்தானே நேராக்குகிறது? இழுத்த இடத்தில் கல்லின் இணைப்புக் கோடுகள் மங்குகின்றன. நடுவில் கத்தி போல் தெரியும் அதே கோடுகள்தான். நடுங்காமல் எடுக்கும் வசதியைப் போட்டால் இன்னும் கொஞ்சம் ஓரம் வெட்டுப்படும்.

முகங்களுக்கு இந்த லென்ஸ் ஆகாது. ஆரியங்காவு கோயில் வாசலில் ஒரு குடும்பத்தை லீனியரில் எடுத்தேன். ஓரத்தில் நின்ற மாமா படத்தைப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, என் முகம் ஏன் இப்படி அகன்று கிடக்கிறது?” என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். கோட்டை நேராக்கும் கணக்கு, ஓரத்தில் இருக்கும் உருண்டையான எதையும் பக்கவாட்டில் இழுத்துவிடும். கோட்டைக் காப்பாற்றினால் முகம் கெடும், முகத்தைக் காப்பாற்றினால் கோடு கெடும். ஆட்களை நடுவில் நிறுத்தி, ஓரத்தை மரத்துக்கும் வானத்துக்கும் விட்டுவிடுவதுதான் வழி.

1877-ல் கட்டிய புனலூர் தொங்குபாலத்தில் இதே காமிரா மனதை அள்ளியது. பாலத்தின் நடுவே நேராகப் பார்த்து நடக்கையில் இருபக்கக் கம்பிகளும் படத்தின் மையத்தை நோக்கி ஓடுகின்றன. ஆகவே வளைவே தெரியவில்லை. காலடியில் குறுக்கே கிடக்கும் பலகைகள் மட்டும் லேசாக வளைகின்றன. மலைச்சாலையில் பைக்கில் மாட்டி எடுக்கும்போதும் இப்படித்தான்.

காட்டுக்குள் வேறொரு சிக்கல். பைக் வேகத்தில் ஒவ்வொரு இலையும் கணத்துக்குக் கணம் மாறுவதால், விநாடிக்கு 60 மெகாபிட் தகவல் என்ற கணக்கில் பதிந்த படத்தில் தேக்கிலைகள் பச்சைக் குழம்பாகிவிட்டன. 100-க்கு உயர்த்தியதும் இலை இலையாகத் தெரிந்தது. வேகமாகப் பதியும் வி30 வகை மெமரி கார்டு அதற்குத் தாராளம். ரயில் குகைக்குள் நுழைந்தால் மட்டும் எந்த அமைப்பும் உதவாது. உள்ளே ஒளியை வாங்கும் சென்சாரின் பரப்பு, பெரிய காமிராக்களில் இருக்கும் 36க்கு 24 மி.மீ. அளவு முழுச் சட்டகச் (ஃபுல் ஃபிரேம்) சென்சாரில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. இருட்டில் புள்ளி புள்ளியாகத்தான் வரும்.

சாலை, அருவி, ஆறு எடுப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். கல்யாண மேடைக்கு நான் இதை எடுத்துப் போவதில்லை. வீடு, கோயில், பாலம் எடுப்பவர்கள் கடையிலேயே கதவு நிலையை ஓரத்தில் வைத்து ஒரு படம் எடுத்து, அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.