நைட் கார்டுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படிச்சிடுங்க: எனக்கு 9,500 ரூபாய் போச்சு

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் யாராவது தூக்கத்தில் பல் கடிக்கிற பிரச்சினைக்கு நைட் கார்டு (ராத்திரி படுக்கும்போது பல் வரிசைமேல் மாட்டிக்கொள்கிற உறை) போடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 9,500 ரூபாய் போய்விட்டது. இன்று மதியம்தான் கிளினிக்கில் "இதுக்கு மேல எங்களால ஒண்ணும் பண்ண முடியாது சார்" என்று போனை வைத்தார்கள். ஆத்திரம் அடங்கவில்லை, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னென்ன பார்த்துப் போட வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

இடத்தின் பெயரைப் போடவில்லை. போட்டால் பணம் திரும்பி வருவதற்கு முன் வக்கீல் நோட்டீஸ் வரும். பல ஊர்களில் கிளை வைத்து, கண்ணாடிக் கதவு, ஏசி, சோபா, சுவரில் பெரிய டிவி என்று நடத்துகிறார்களே, அந்த மாதிரி ஒரு பல் கிளினிக். அவ்வளவு தெரிந்தால் போதும்.

நான் மாங்கூழ் கம்பெனி ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். சீசன் வந்துவிட்டால் எடைச் சீட்டு, லாரி வாடகை, தோட்டக்காரர்களுக்குப் பட்டுவாடா என்று வீட்டுக்கு வர ராத்திரி 10 மணி தாண்டிவிடும். அந்த நேரத்தில்தான் இது ஆரம்பித்தது. ராத்திரி முழுக்க நறநறவென்று பல்லைக் கடிக்கிறேன் என்று வீட்டில் சொன்னார்கள். மாமியார் "வயித்துல பூச்சி இருக்கும் மாப்ளே" என்று பூச்சி மாத்திரை வாங்கிக் கொடுத்தார், போட்டேன், கடிப்பது நிற்கவில்லை. காலையில் எழுந்தால் இரண்டு பொட்டிலும் வலி, தாடை இறுகிக் கிடக்கும். அப்புறம் ஒருநாள் கடைவாய்ப் பல்லின் ஓரம் சில்லு பெயர்ந்து சாப்பாட்டோடு வந்தது. வலித்திருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன், கையில் பல் துண்டைப் பார்த்ததும்தான் கிளினிக்குக்குக் கிளம்பினேன்.

உள்ளே போனதும் நாற்காலியில் சாய்த்து, பேனா மாதிரி ஒரு கேமராவை வாய்க்குள் விட்டு, என் பல்லையே டிவியில் பெரிதாகக் காட்டினார்கள். அதைப் பார்த்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். டாக்டர் சின்ன வயசுக்காரர். என் பல்லில் இருந்த பழுப்புக் கறையைப் பார்த்துவிட்டு, "பென்னாகரம் பக்கமாண்ணா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் பிறந்து வளர்ந்தது அந்தப் பக்கம்தான். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றேன். "நானும் அந்தத் தண்ணி குடிச்சவன்தாண்ணா" என்று தன் உதட்டை விலக்கி முன்பல்லைக் காட்டினார். அதே பழுப்பு.

நம்ம இரண்டு மாவட்டத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல் வருவதற்கு முன் ஃப்ளோரைடு கூடுதலாக இருந்த போர்வெல் தண்ணீர் குடித்து, பல் பழுப்பேறி வளர்ந்தவர்களில் எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டே சிரிப்போம் என்பது நமக்குத் தெரியும். கல்யாணப் போட்டோவில்கூட நான் பல் தெரியச் சிரித்ததில்லை. அந்த ஒரு நிமிடத்தில் அவர் எனக்கு டாக்டர் இல்லை, பங்காளி ஆகிவிட்டார். அதற்கு மேல் அவர் சொன்ன எதையும் கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

"ஃப்ளோரைடு தின்ன எனாமல்ணா இது, ஏற்கனவே வலு கம்மி. இப்படியே கடிச்சீங்கன்னா சில்லு சில்லா போயிடும், அப்புறம் ஒவ்வொண்ணுக்கும் வேர் சிகிச்சை, கேப்புன்னு லட்சத்துல நிக்கும்" என்றார். நைட் கார்டு போட்டால் ஒரே வாரத்தில் கடிப்பது நின்றுவிடும், தலைவலியும் போய்விடும், நல்ல கெட்டியான அக்ரிலிக் ரகம், அஞ்சு வருஷம் உழைக்கும், என் வாய்க்கே அளவெடுத்துச் செய்வது, 9,500 ரூபாய் என்றார். வெளியில் மற்றவர்களுக்கு 12,000 என்றும், ஊர்க்காரர் என்பதால் குறைத்ததாகவும் சொன்னார். சரி என்றேன்.

அளவெடுத்த விதத்தைக் கேளுங்கள். இளஞ்சிவப்பு மாவு மாதிரி ஒன்றைக் குழைத்து, இரும்புத் தட்டில் வைத்து மேல் அண்ணத்தில் அழுத்தினார்கள். தொண்டைக்குள் வழிந்து குமட்டியது. உதவிக்கு நின்ற பெண் "மூக்கால மூச்சு விடுங்கண்ணா, காலைக் கொஞ்சம் தூக்குங்க, குமட்டாது" என்றது. பாவம், அந்தப் பெண் மட்டும்தான் அங்கே ஒழுங்காக வேலை பார்த்தது. இரண்டு நிமிடம், எடுத்தார்கள், முடிந்தது என்றார்கள். கீழ் வரிசைக்கு அளவே எடுக்கவில்லை. நான் எப்படிக் கடிக்கிறேன் என்று மெழுகு வைத்துப் பதிவும் எடுக்கவில்லை. இதெல்லாம் எடுக்க வேண்டும் என்று எனக்கு அப்போது யார் சொன்னது?

வெளியே வந்ததும் கவுன்டரில் முழுப் பணமும் கேட்டார்கள். பாதி இப்போது, பாதி வாங்கும்போது தரட்டுமா என்றதற்கு, "லேபுக்கு முன்னாடியே கட்டணும்ணா, சிஸ்டம் அப்படி" என்றார்கள். 9,500 ரூபாயும் ஜிபேயில் போட்டேன். கொடுத்த சீட்டில் 'பல் சிகிச்சை - 9,500' என்று மட்டும் இருந்தது.

கார்டு வந்தது. நீல டப்பா, மேலே கிளினிக் பெயர் பளபளவென்று. உள்ளே இருந்ததை விரலால் அமுக்கினால் அமுங்கியது, வளைத்தால் வளைந்தது. கெட்டியாக இருக்கும் என்றீர்களே என்று கேட்டதற்குக் கவுன்டரில் "வாய்ச் சூட்டுல செட் ஆயிடும்ணா" என்றார்கள். டாக்டர் வேறு ஆளோடு பிஸி. வாயில் மாட்டிப் பார், கடித்துக் காட்டு என்று யாரும் சொல்லவில்லை. கவுன்டரில் பார்சல் வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டு வந்தேன்.

போட்டுப் படுத்தால் கடிப்பது நிற்கவில்லை. கூடிவிட்டது. சூயிங்கம் கிடைத்த மாதிரி தூக்கத்தில் அதை மென்றுகொண்டே இருந்திருக்கிறேன். காலையில் வாயைத் திறந்தால் காதுக்குப் பக்கத்தில் டக் டக்கென்று சத்தம். வழக்கமான பொட்டு வலி போதாதென்று கடைசிக் கடைவாய்ப் பற்களில் புதிதாக ஒரு கூச்சம். மாதம் முடிவதற்குள் பின்பக்கம் ஓட்டை விழுந்துவிட்டது. அஞ்சு வருஷம் உழைக்கும் என்ற சாமான்!

இனிமேல்தான் கதையே. முதலில் போன் செய்தபோது "பழகணும்ணா, விடாமப் போடுங்க, சரியாயிடும்" என்றார்கள். ஓட்டை விழுந்ததைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினேன். இரண்டு நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. நேரில் போனேன். டாக்டர் கேம்ப் போயிருக்கிறார். மறுபடி போனேன். டாக்டர் இப்போது ஓசூர் கிளையில் இருக்கிறார், இங்கே வருவதில்லை. ஓசூருக்குப் போன் செய்தால் "எந்தக் கிளையில பணம் கட்டினீங்களோ அங்கதான் கேக்கணும்" என்றார்கள். இங்கே வந்து கேட்டால் "ட்ரீட்மென்ட் பண்ண டாக்டர்தான் பதில் சொல்லணும்" என்றார்கள். அந்தப் பங்காளி என் நம்பரை எடுப்பதே இல்லை.

ஒன்று கவனித்தேன். ஜிபே சத்தம் கேட்கும் வரைக்கும் நான் அண்ணன். புகார் சொன்ன நாளிலிருந்து சார்.

கடைசியில் மேனேஜர் என்று ஒருவர் பேசினார். அளவெடுத்துச் செய்த பொருள், திருப்பி எடுக்க முடியாது என்றார். அளவு சரியில்லை என்றுதானே ஐயா சொல்கிறேன்? கெட்டி ரகம் என்று சொல்லித்தான் 9,500 வாங்கினீர்கள் என்றால், "பில்லுல அப்படி இருக்கா சார்?" என்கிறார். இருக்காது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அப்புறம் பெரிய மனசு பண்ணி, தேய்த்துச் சரிசெய்து தருகிறோம், அதற்குத் தனியாக 800 ஆகும் என்றார். ஓட்டையை எப்படித் தேய்த்துச் சரிசெய்வார்களோ! அடுத்த முறை வேர் சிகிச்சை செய்தால் 10 சதவீதம் தள்ளுபடியாம். இவர்கள் வேலைக்கு வேர் சிகிச்சைதான் குறைச்சல்.

இதற்கிடையில் அரசு மருத்துவமனை பல் பிரிவுக்குப் போனேன். வரிசையில் நின்று, ஓபி சீட்டு போட்டு, நேரம் ஆனது, ஆனால் அங்கே இருந்த டாக்டர் அம்மா கார்டைத் தொட்டதுமே சொல்லிவிட்டார், இது மெத்து ரகம் என்று. பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி, மாவுக்கட்டு அச்சின் மேல் காற்றை உறிஞ்சிப் படிய வைப்பார்களாம். ஒரு வரிசை அச்சு போதும், சீக்கிரம் முடிகிற வேலை, செலவும் கம்மி. கெட்டி அக்ரிலிக் என்றால் மேல், கீழ் இரண்டு அச்சும் வேண்டும், இரண்டையும் கடிக்கிற வாட்டத்தில் பொருத்தி வைத்துச் செய்ய வேண்டும், வாயில் மாட்டிய பிறகும் பார்த்துப் பார்த்துத் தேய்க்க வேண்டும். விலை கூடுவதே அந்த வேலைக்குத்தான். எனக்கு முதல் ரகத்தைக் கொடுத்து இரண்டாவதற்குக் காசு வாங்கியிருக்கிறார்கள்.

அப்புறம் கார்டை வாயில் மாட்டி, நீலக் காகிதம் ஒன்றை நடுவில் வைத்துக் கடிக்கச் சொன்னார். கார்டை வெளியே எடுத்துக் காட்டினார். பின்கோடியில் இந்தப் பக்கம் ஒரு நீலப் புள்ளி, அந்தப் பக்கம் ஒரு நீலப் புள்ளி. மற்ற இடமெல்லாம் சுத்தமாக இருந்தது. "மொத்த அழுத்தமும் இந்த ரெண்டு இடத்துலதான் விழுது. எல்லாப் பல்லுலயும் சமமாப் படணும். பின்ன கூசாம என்ன செய்யும்?" என்றார். இந்தக் காகிதச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. 9,500 வாங்கியவர்கள் இதைச் செய்யவில்லை.

அவர் சொன்ன இன்னொன்றும் முக்கியம். நைட் கார்டு பல் கடிப்பதை நிறுத்துகிற மருந்து இல்லை. ராத்திரி நாம் கடிக்கத்தான் செய்வோம், பல்லுக்குப் பதில் அது தேயும், அவ்வளவுதான். சிலருக்குத் தாடை வலி குறையலாம், எல்லாருக்கும் குறையும் என்று உத்தரவாதம் இல்லை. பல் தேய்கிறது, சில்லு பெயர்கிறது, அடைத்த இடம் உடைகிறது என்றால் போடுவது நல்லது. எப்போதாவது லேசாகக் கடிப்பவருக்கு ஒன்றுமே தேவைப்படாமல் போகலாம். மெத்து ரகமும் கெட்டது என்றில்லை, சிலருக்கு அதுவே போதும். என்னைப் போல அழுத்திக் கடிக்கிறவர்களில் சிலர் அது மெத்தென்று இருப்பதாலேயே இன்னும் அதிகமாகக் கடிப்பார்களாம். என் பல்லுக்குக் கெட்டி ரகம் தேவைதான் என்றார். ஃப்ளோரைடு கறை ஆழமாக இருக்கிற பல் சீக்கிரம் பெயரும் என்பதும் உண்மைதானாம். வயிற்றெரிச்சலே அதுதான். நோயைச் சரியாகச் சொல்லி, அதைவைத்தே ஏமாற்றியிருக்கிறார்கள்.

அந்த அம்மா கேட்ட கேள்விகள் எதையும் கிளினிக்கில் கேட்கவில்லை. குறட்டை விடுவீர்களா, தூக்கத்தில் மூச்சு முட்டி எழுவீர்களா, பகலில் தூக்கம் சொக்குகிறதா, மனச்சோர்வுக்கு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா, ராத்திரி காபி, சிகரெட், குடி உண்டா. இதில் எது இருந்தாலும் பல் கடிப்பது கூடலாமாம். சில மனச்சோர்வு மாத்திரைகளாலும் வருமாம், அதற்காக நாமாக மாத்திரையை நிறுத்தக்கூடாது, எழுதிக் கொடுத்த டாக்டரிடம்தான் கேட்க வேண்டும் என்றார். குறட்டை பலமாக இருந்தால் முதலில் அதைப் பார்க்க வேண்டுமாம். எனக்குக் காபி உண்டு, சீசனில் கணக்கே இல்லை.

இதை விட்டுவிட்டேனே. கிளினிக்கில் என் பெண்ணும் தூக்கத்தில் பல் கடிப்பாள் என்று பேச்சுவாக்கில் சொன்னதற்கு, "பாப்பாவுக்கும் ஒண்ணு போட்டுடலாம்ணா" என்றார்கள். அவளுக்கு இன்னும் பால் பல்லே முழுசாக விழவில்லை! குழந்தைகளில் பாதிப்பேருக்கு மேல் வளர வளரத் தானாக நின்றுவிடும், பல் முளைத்து மாறுகிற வயசில் பொதுவாகக் கார்டு போடுவதில்லை என்று அரசு டாக்டர் சொன்னார். அன்றைக்குக் கையில் காசு இருந்திருந்தால் 19,000 போயிருக்கும்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், மணி 12 ஆகப்போகிறது, தலை வேறு வலிக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். என்ன ரகம், எத்தனை நாள் உத்தரவாதம், சரிசெய்ய வந்தால் காசு உண்டா இல்லையா என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள், 'பல் சிகிச்சை' என்று சீட்டு கொடுத்தால் வாங்காதீர்கள். முழுப் பணத்தை முன்னால் கட்டாதீர்கள். கெட்டி ரகம் என்று சொல்லிவிட்டு மேல் வரிசைக்கு மட்டும் அளவெடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். நீலக் காகிதம் வைத்துப் பார்க்காமல் டப்பாவைக் கையில் வாங்காதீர்கள். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு விற்கிற, வெந்நீரில் போட்டுக் கடிக்கிற கார்டைப் பற்றிக் கேட்பீர்கள். அதையும் டாக்டரிடம் காட்டாமல் மாதக்கணக்கில் போடாதீர்கள், பல் வரிசையின் கடியே மாறிவிடலாம் என்கிறார்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, புகார் பதிந்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள் போட வேண்டும். ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸப் பேச்சு, ஓட்டை விழுந்த கார்டு மூன்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதே இடத்தில் அடிபட்டவர்கள் யாராவது இருந்தால் உங்கள் சீட்டில் ரகம் எழுதியிருக்கிறதா என்று பார்த்துத் தனிச்செய்தியில் சொல்லுங்கள். சேர்ந்து போட்டால் கேஸ் வலுவாக நிற்கும்.