மண் குடிக்குமா? பழைய செப்டிக் அமைப்பை மாற்றுவதா, பாதாளச் சாக்கடையில் சேர்வதா: பத்து வருடப் பயன்பாட்டில் தெரிவது

செப்டிக் டேங்க் பொங்க ஆரம்பித்ததும் முதலில் வரும் யோசனை, தொட்டியை இன்னும் பெரிதாகக் கட்டிவிடலாம் என்பது. ஆனால் பெரும்பாலான இடங்களில் தொட்டியில் கோளாறே இருக்காது. தொட்டி கசடைத் தங்கவைத்துத் தண்ணீரை அனுப்பிவிடும், அதன் வேலை அவ்வளவுதான். அந்தத் தண்ணீரைக் குடித்துத் தீர்க்க வேண்டியது உறிஞ்சு வாய்க்காலுக்கு (தொட்டித் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும், ஜல்லி நிரப்பிய பள்ளம்) அடியில் இருக்கும் மண். மண் குடிப்பதை நிறுத்திவிட்டால், தொட்டியை இரண்டு மடங்காக்கினாலும் பொங்குவது சில நாள் தள்ளிப்போகும், அவ்வளவே.

அதனால் முதலில் பழைய அமைப்பு எதனால் படுத்தது என்று பாருங்கள். மூடியைத் திறந்தால் நீர்மட்டமே பாதி சொல்லிவிடும். வெளியேறும் குழாயின் அடிமட்டத்துக்குச் சரியாக நின்றால் இயல்பு. அதற்கு மேலே ஏறி நின்றால் குழாய் அடைத்திருக்கிறது, அல்லது வாய்க்கால் ஏற்கவில்லை. கீழே இறங்கியிருந்தால் தொட்டி கசிகிறது. கழிவுநீர் லாரி உறிஞ்சி எடுக்கும்போது பக்கத்திலேயே நின்று பாருங்கள்: காலியான தொட்டிக்குள் வெளியேறும் குழாய் வழியாகத் தண்ணீர் திரும்பி ஓடிவந்தால், வாய்க்கால் முழுக்க நிரம்பிக் கிடக்கிறது. தொட்டிக்குள் எட்டிப் பார்க்கலாம், இறங்கவே கூடாது. உள்ளே இருக்கும் வாயு ஆளைச் சாய்க்க ஒரு நிமிடம் போதும்.

அடுத்து, வெளியேறும் வாயில் இருக்கும் 'T' வடிவ டி குழாய். அது உடைந்து விழுந்திருந்தால் மேலே கட்டும் ஏடும் எண்ணெயும் நேராக வாய்க்காலுக்குப் போய் மண்ணை அடைத்திருக்கும். பிறகு, ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் சாயத்தைக் கலந்து கால் மணி நேரம் தொடாமல் விடுங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் வால்வு கசிகிறது. சத்தமில்லாத இந்தக் கசிவு ஒரு நாளைக்குப் பல நூறு லிட்டர் வரை போகலாம். நாலு பேர் வீட்டின் கழிவுநீர் அளவையே இரட்டிப்பாக்க அது போதும். இதைச் சரிசெய்யாமல் புது வாய்க்கால் வெட்டினால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

குழி வெட்டிப் பார்ப்பது

மண் பரிசோதனை என்றாலே பலருக்கும் குழியில் தண்ணீர் ஊற்றி இறங்கும் வேகத்தை அளப்பதுதான் நினைவுக்கு வரும். அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஆழக் குழி. புது வாய்க்கால் வரப்போகும் இடத்தின் ஓரமாக 1.5 முதல் 2 மீட்டர் ஆழத்துக்கு இரண்டு மூன்று குழிகள். வாய்க்கால் ஓடும் இடத்துக்கு நடுவே வெட்டாதீர்கள், கலைத்த மண் பழைய நிலைக்குத் திரும்பாது. பழைய வாய்க்காலுக்குள்ளும் வேண்டாம், அங்கே மண் ஏற்கெனவே அடைபட்டது.

ஜேசிபி வெட்டிய சுவர் வழுவழுவென்று தேய்ந்திருக்கும், அதைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. கத்தி முனையால் ஒரு கை அகலத்துக்கு மேலிருந்து கீழ்வரை கொத்திக் கொத்திப் பெயர்த்து, உடைந்த முகத்தைப் பாருங்கள். மேலே 20, 25 செ.மீ. வேரும் மண்புழுத் துளையுமாகக் கருத்த மண். அதன் கீழே சீரான செம்பழுப்பு. அந்தப் பழுப்புக்குள் ஓரிடத்தில் சாம்பல் நிறத் திட்டுகளும், அவற்றின் விளிம்பில் துரு நிற வளையங்களும் ஆரம்பிக்கும். டேப்பை வைத்து அந்த ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். குழி காய்ந்து கிடந்தாலும், வருடத்தில் ஒரு பருவத்தில் நிலத்தடி நீர் அதுவரை ஏறி நிற்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. தண்ணீர் தேங்கி ஆக்சிஜன் தீர்ந்ததும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள இரும்பைக் கரையும் வடிவத்துக்கு மாற்றுகின்றன. இரும்பு போன இடம் சாம்பலாகிறது, காற்றுப் பட்ட இடத்தில் துருவாகப் படிகிறது. கோடையில் வந்து "தண்ணீரே இல்லையே" என்று கையெழுத்துப் போடுபவர்கள் கோட்டைவிடுவது இதைத்தான்.

வாய்க்காலின் அடிக்கும் இந்த மட்டத்துக்கும் நடுவில் 60 முதல் 120 செ.மீ. வரை காற்றோட்டமுள்ள மண் இருக்க வேண்டும் என்பது பரவலான விதி. கிருமிகள் வடிகட்டப்படுவதும் அழிவதும் அந்த அடுக்கில்தான். சாம்பல் திட்டு 70 செ.மீ.யிலேயே வந்துவிட்டால் சாதாரண வாய்க்காலுக்கு அங்கே இடமில்லை. மணல் மேடு போட்டு உயர்த்த வேண்டும், அல்லது சாக்கடை இணைப்பு.

பிறகு கட்டியமைப்பு. ஒரு கட்டியைப் பெயர்த்து உள்ளங்கையில் வைத்து மெல்ல அழுத்துங்கள். சிறு சிறு கட்டங்களாக உடைந்தால் அந்த வெடிப்புகள் வழியாகத் தண்ணீர் இறங்கும். தட்டுத் தட்டாகப் பிரிந்தால் கீழே இறங்காது, பக்கவாட்டில் நகர்ந்து எங்கோ ஊற்றெடுக்கும். எதுவும் பிரியாமல் ஒரே பாளமாக இருக்கும் களிமண் என்றால் அங்கே உறிஞ்சு வாய்க்காலை மறந்துவிடுங்கள். களிமண் எவ்வளவு என்று அறிய, பிசைந்த ஈரமண்ணைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே நாடாவாகத் தள்ளுங்கள். 2.5 செ.மீ.க்குள் அறுந்தால் களிமண் குறைவு, 5 செ.மீ. தாண்டியும் தொங்கினால் கனத்த களிமண். என் கணிப்பில் நாடாவை விடக் கட்டியமைப்புதான் முக்கியம். நல்ல வெடிப்புள்ள களிமண் பிழைத்துக்கொள்ளும், அமைப்பில்லாத வண்டல் ஏமாற்றும்.

தண்ணீர் ஊற்றும் சோதனை ஏமாற்றும் இடம்

செய்முறை எளிது. வாய்க்காலின் அடி வரப்போகும் ஆழத்துக்கு 15 முதல் 30 செ.மீ. அகலக் குழி. பக்கச் சுவரைக் கீறிச் சொரசொரப்பாக்கி, உதிர்ந்த மண்ணை அள்ளிவிட்டு, அடியில் 5 செ.மீ. சன்ன ஜல்லி. அதற்கு மேல் 30 செ.மீ. தண்ணீரைக் குறைந்தது நாலு மணி நேரம், முடிந்தால் இரவு முழுக்க, குறையாமல் வைத்திருக்க வேண்டும். களிமண் ஊறி உப்புவதற்கு அவ்வளவு நேரம் வேண்டும். மறுநாள் ஜல்லிக்கு மேல் 15 செ.மீ. தண்ணீர் விட்டு, அரை மணிக்கு ஒருமுறை இறக்கத்தை அளந்து, மறுபடி நிரப்பி, நாலு மணி நேரம் தொடருங்கள். கடைசி அரை மணியின் இறக்கம்தான் கணக்கு. அது 30 மி.மீ. என்றால், 25 மி.மீ. இறங்க 25 நிமிடம். அந்த 25 மி.மீ.க்கு 60 நிமிடத்தைத் தாண்டினால் பொதுவாக உறிஞ்சு வாய்க்காலுக்கு ஆகாது. ஒரு நிமிடத்துக்குள் இறங்கினாலும் சந்தோஷப்பட வேண்டாம், கழிவு சுத்தமாகாமலே நிலத்தடி நீருக்குப் போகிறது.

ஊறவைப்பதைத் தவிர்த்துவிட்டு எடுத்த எண்தான் நடைமுறையில் அதிகம். வெயிலில் வெடித்த களிமண் முதல் ஒரு மணி நேரம் மணல் மாதிரி குடிக்கும், அந்த எண்ணை நம்பி வெட்டிய வாய்க்கால் முதல் மழைக்காலத்திலேயே நிற்கும்.

சரியாகச் செய்தாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. சோதனை நல்ல தண்ணீரில் நடக்கிறது, வாய்க்காலுக்கு வருவதோ கழிவுநீர். சில மாதங்களில் ஜல்லியும் மண்ணும் சேரும் இடத்தில் வழவழப்பான கருப்புப் படலம் ஒன்று படியும், பயோமேட் என்பார்கள். அதற்குப் பிறகு வேகத்தைத் தீர்மானிப்பதில் மண்ணோடு அந்தப் படலமும் சேர்ந்துகொள்கிறது. சோதனையில் மணலுக்கும் களிகலந்த மண்ணுக்கும் இருபது மடங்கு வித்தியாசம் தெரிந்தாலும், வருடக்கணக்கில் தாங்கும் அளவில் அது ஏறக்குறைய இரண்டு மடங்காகச் சுருங்கிவிடும்.

கணக்கில் பார்க்கலாம். நாலு பேர், தலைக்கு 120 லிட்டர், நாளுக்கு 480 லிட்டர். பழைய சூத்திரம் 204ஐ நிமிட எண்ணின் வர்க்கமூலத்தால் வகுக்கச் சொல்லும். 25 நிமிடத்துக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 41 லிட்டர், ஆக 12 சதுர மீட்டர் போதும் என்று வரும். அதே மண்ணைக் கட்டியமைப்பை வைத்து மதிப்பிட்டால், மிதமான வெடிப்புள்ள களிகலந்த மண்ணுக்கு 16 லிட்டர்தான் கொடுப்பார்கள். 30 சதுர மீட்டர் ஆகிறது. 60 செ.மீ. அகல வாய்க்காலில் 50 மீட்டர் நீளம், 17 மீட்டர் வீதம் மூன்று. பழைய கணக்கில் வெட்டியவை சில வருடம் ஓடிவிட்டுத் திடீரென்று நிற்பதன் ரகசியம் இந்த இரண்டரை மடங்குதான். கூடவே, அதே அளவு இடம் எதிர்காலத்துக்கும் காலியாக இருக்க வேண்டும். அந்த இடத்தின் மேல் லாரியோ ஜேசிபியோ ஒருமுறை ஏறினாலும் மண் இறுகிவிடும், வேலை ஆரம்பிக்கும் முன்பே கயிறு கட்டி மறித்துவிடுங்கள். வெட்டும் நாளில் மண்ணை உருட்டி 3 மி.மீ. திரியாக நிற்கிறதா பாருங்கள். நின்றால் ஈரம் அதிகம். அன்றைக்கு வெட்டினால் சுவர் பூசினாற்போல் அடைபடும். ஜல்லி கழுவியதாக இருக்கட்டும், அதில் ஒட்டிய தூசியே படலத்துக்கு அடித்தளம் போடும்.

சாக்கடைப் பக்கம்

இங்கே மண்ணின் இடத்தில் மட்டம் பேசும். வீட்டுக் குழாய் தரைக்கு 45 செ.மீ. கீழே கிளம்புகிறது, மேன்ஹோல் 40 மீட்டர் தள்ளி என்று வையுங்கள். 100 மி.மீ. குழாய்க்கு 50க்கு 1 வாட்டம் கொடுத்தால் 80 செ.மீ. இறங்கும். தரை சமமாக இருந்தால், சேரும் இடத்தில் குழாய் 1.25 மீட்டர் ஆழத்தில் இருக்கும். தெருக் குழாய் அதற்கும் கீழே இருந்தால் எல்லாம் தானாக ஓடும். இல்லையென்றால் அரைத்துத் தள்ளும் பம்ப் வேண்டும். பத்து வருடத்துக்குள் ஒருமுறையாவது பம்பை மாற்ற வேண்டி வரும் என்றும், மின்சாரம் போனால் பம்ப் தொட்டியில் மிச்சமிருக்கும் கொள்ளளவுதான் உங்கள் அவகாசம் என்றும் கணக்கில் வையுங்கள். துணியும் ஈரத்தாளும் பம்புக்கு எமன்.

மேன்ஹோல் மூடி உங்கள் தரைத்தளக் குளியலறையை விட உயரமாக இருந்தால், தெருக் குழாய் அடைத்த நாளில் ஊர்க் கழிவு உங்கள் வீட்டில் வந்து நிற்கும். திரும்பாத வால்வு போட்டே ஆக வேண்டும், அதைத் திறந்து சுத்தம் செய்ய ஒரு சிறு தொட்டியோடு. பழைய செப்டிக் தொட்டியைக் காலி செய்து, அடியில் ஓட்டை போட்டு, மணல் நிரப்பி மூடுங்கள். வெறுமையாக விட்டால் கான்கிரீட் மூடி ஒரு நாள் உள்ளே விழும், பிளாஸ்டிக் தொட்டி மழைக்காலத்தில் மிதந்து எழும்பும்.

வருடங்கள் போகப் போக

வாட்டத்தில் தானாக ஓடும் சாக்கடை இணைப்பு கிடைக்கிறது என்றால், மண் சுமாராக உள்ள இடத்தில் அதையே எடுப்பேன். கட்டணம் மாதாமாதம் வரும், ஆனால் மண் என்ன செய்யும் என்ற கவலை போகும். பம்ப் வைத்துத்தான் சேர முடியும், குழியில் கட்டியமைப்பு நன்றாக இருக்கிறது, மாற்று இடமும் உண்டு என்றால் புது வாய்க்கால்தான் நிம்மதி. மணல் மேட்டுக்கும், காற்றை ஊதிக் கழிவைச் சுத்தம் செய்யும் தொட்டிக்கும் பம்ப், மின்சாரம், பராமரிப்பு எல்லாம் உண்டு. அங்கே "செப்டிக் என்றால் செலவில்லை" என்ற வாதம் நிற்காது.

வாய்க்காலைத் தேர்ந்தால், ஒவ்வொன்றின் கடைசி முனையிலும் அடிவரை போகும் துளையிட்ட ஒரு குழாயை நட்டு மூடி போட்டுவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை குச்சி விட்டு, எவ்வளவு தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று குறித்து வையுங்கள். மழையில் 5 செ.மீ. ஏறிக் கோடையில் வற்றினால் பயமில்லை. கோடையிலும் வற்றாமல் வருடா வருடம் ஏறினால் அந்த வாய்க்காலை அடைத்து, தண்ணீரை மற்ற இரண்டுக்கும் திருப்பி, ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை காயவிடுங்கள். காற்று புகுந்ததும் படலம் சிதைந்து மண் ஓரளவு பழையபடி குடிக்கத் தொடங்கும். இதற்காகவே, தண்ணீரை வாய்க்கால்களுக்குப் பகிர்ந்து அனுப்பும் பிரிப்புத் தொட்டியில் ஒவ்வொரு வாய்க்காலுக்கும் தனி மூடி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். தொட்டியில் கசடும் ஏடும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கைத் தொட்டதும் லாரியைக் கூப்பிடுங்கள், சாதாரண வீட்டுக்கு அது மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வரும்.